தோள்பட்டை ஆபரேஷன், ஸ்கூபா டைவிங் கட் – உக்காந்து வேடிக்கை பாத்தவங்க உங்க கதைய சொல்லுங்க

கரையேறியவன்:
வலது தோள். சுப்ராஸ்பினேட்டஸ்ங்கற தோள் தசைநார் கிழிஞ்சு டிசம்பர்ல கீஹோல்ல தச்சாங்க, எலும்புல ரெண்டு ஆங்கர், ஆறு வாரம் ஸ்லிங். இதெல்லாம் இங்க பாதி பேருக்கு மனப்பாடம், விடுங்க. எனக்கு மறக்க மாட்டேங்கறது ஒம்பதாவது வாரத்துல ஒரு ராத்திரி.

அன்னிக்கு நம்ம செட்டு மொத்தமும் பாண்டில டெம்பிள் ரீஃப்ங்கற எடத்துக்கு டைவ் போயிருந்தாங்க. வாட்ஸாப்ல வீடியோ மேல வீடியோ. விசிபிலிட்டி 15 மீட்டராம். நான் போன ஒவ்வொரு தடவையும் அங்க என் கால்ல இருக்கற ஃபின் எனக்கே தெரியாது, நான் போகாத அன்னிக்குத்தான் கடல் கண்ணாடி மாதிரி இருக்கும், அது எப்படின்னு தெரியல. கை தோள் உயரம் வரைக்கும் வருதே, சும்மா வெட்சூட்ட (டைவுக்குப் போடற ரப்பர் டிரஸ்) மாட்டிப் பாப்போம், தண்ணிக்கா போறோம்னு பீரோல இருந்து எடுத்தேன். 3 எம்எம், பின்னாடி ஜிப். இடது கை சுளுவா போயிருச்சு. வலது கைய பின்பக்கமா கொண்டுபோய் நுழைச்சேன், முழங்கை தாண்டுச்சு, அதுக்கப்புறம் உள்ளயும் போகல வெளியவும் வரல. ரப்பர் கைய முதுகுப் பக்கம் முறுக்கிப் புடிச்சுக்கிச்சு. தையல் போட்ட எடத்துல சுருக் சுருக்னு. வேர்த்துக் கொட்டுது, மணி 11. வேற வழியில்லாம மெதுவா "அம்மா"ன்னேன்.

லைட்ட போட்டுப் பாத்தாங்க. என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்கல. மீன் சுத்தம் பண்ற கத்திரிக்கோல எடுத்துட்டு வந்து மணிக்கட்டுல ஆரம்பிச்சு கழுத்து வரைக்கும் நறுக்கிட்டாங்க. 9,500 ரூபா. மறுநாள் காலைல அந்த ரப்பர் கைய ரெண்டு துண்டாக்கி அதால பால் பாத்திரத்த அடுப்புலேர்ந்து எறக்கிட்டு இருக்காங்க. இன்னிக்கு வரைக்கும் அதப் பத்தி பேச்சே இல்ல. ரெண்டு திட்டு திட்டியிருந்தா நிம்மதியா இருந்திருக்கும்.

ஹேவ்லாக் ரிட்டர்ன்:
சிரிக்கக் கூடாதுதான், சிரிச்சுட்டேன், சாரி ப்ரோ.

எனக்கு இடது தோள், லாப்ரம், அதாவது மூட்டுக் குழியச் சுத்தி இருக்கற வளையம். அந்தமான் டிக்கெட், ரூம் எல்லாம் ஆபரேஷனுக்கு முன்னாடியே போட்டது, பணம் திரும்பி வராது, அதனால நானும் போனேன். டுங்கில (அந்த ஊர் படகு) எல்லாரும் முதுகுப்பக்கமா விழுந்து எறங்குனதும் எஞ்சின ஆஃப் பண்ணிட்டாங்க பாருங்க, அந்த அமைதி இருக்கே. போட்ல வேலை பாக்குற பையன் போர்ட் பிளேர் தமிழ்ப் பையன், "ஏண்ணே, பயமா?"ன்னு கேட்டான். தழும்ப காட்டினேன். ஒரு பிஸ்கட் பாக்கெட்ட நீட்டினான்.

அது கூட பரவால்ல. முக்கா மணி நேரம் கழிச்சு என் வொய்ஃப் மேல வந்தா. மாஸ்க்க எறக்கும்போது முகம் பூரா சிரிப்பு, என்னமோ கத்தி சொல்ல வாய தொறந்தவ, என்னப் பாத்ததும் அப்படியே நிறுத்திட்டா. "கீழ பெருசா ஒண்ணும் இல்லப்பா, ஒரே கலங்கல்". சாயங்காலம் வேறொருத்தர் வீடியோல பாக்கறேன், அவ கை நீட்டுற தூரத்துல ஆமை, இவ தலைகீழா நின்னு பாத்துட்டு இருக்கா. ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் நான் கேக்கல, அவளும் சொல்லல.

டாங்க் மாமா:
தம்பி கரையேறியவன், நீங்க பண்ண முதல் தப்பே வரிசை. போடும்போது ஆபரேஷன் ஆன கை முதல்ல, கழட்டும்போது அது கடைசில. பிசியோ இத முதல் நாளே சொல்லியிருப்பாங்க, நீங்க போனப் பாத்துட்டு இருந்திருப்பீங்க. என் கதை சின்னது, 52 வயசுல ரெண்டு தோளும் ஒவ்வொண்ணா பண்ணிக்கிட்டேன், திரும்பி எறங்குனேன், அவ்ளோதான்.

இப்ப விஷயத்துக்கு வாங்க. தச்ச தசைநார் எலும்போட ஒட்டுறதுக்கே பன்னெண்டு வாரம் கிட்ட ஆகும், அதுக்கு முன்னாடி வலி இல்லைங்கறதுக்கு அர்த்தமே கிடையாது. குனிஞ்சு கைய தொங்கவிட்டு ஊஞ்சலாட்டறது, கதவுக்கு மேல கப்பி மாட்டி நல்ல கையால கெட்ட கைய தூக்கறது, செவுத்துல விரலால ஏறுறது, இத டிவி பாத்துக்கிட்டே பண்ணுங்க, செவுத்துல பென்சில்ல கோடு போட்டு வைங்க, என் வீட்டு ஹால்ல இன்னும் இருக்கு. பின்பக்க ஜிப்ப மறந்துடுங்க, முதுகுக்குப் பின்னாடி கைய கொண்டுபோய் வார இழுக்கறதுதான் தோளுக்கு கடைசியா வர்ற அசைவு. அப்புறம் டாங்க். அலுமினியம் 80 காலியாவே 14 கிலோ, காத்து அடைச்சா 17 கிட்ட, மேல பிசிடி (மிதக்க வைக்கற ஜாக்கெட்), ரெகுலேட்டர் (வாய்ல வச்சு மூச்சு விடறது), ஈயம். அத முதுகுல தூக்கிட்டு ஏணி ஏறக்கூடாது, தண்ணிக்குள்ளயே கழட்டி போட்காரர் கைல குடுங்க, இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. மெடிக்கல் ஃபார்ம்ல கடைசி 12 மாசத்துல சர்ஜரி உண்டான்னு ஒரு கேள்வி இருக்கும், அங்க "இல்ல"ன்னு டிக் அடிக்கற புத்திசாலிங்க நெறைய பேர எனக்குத் தெரியும், அதப் பண்ணாதீங்க, டாக்டர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டுப் போங்க. மத்தபடி தண்ணிக்குள்ள எடையே கிடையாது, நாலு மாசத்துல ஆழமில்லாத ஒரு டைவ் தாராளமா போலாம், என்னைக் கேட்டா தோளுக்கு கடல விட நல்ல பிசியோ இல்ல.

பபிள்ஸ் கோவை:
மாமா, எல்லாம் சரி, அந்தக் கடைசி வரிய மட்டும் அழிங்க. இதே "எடையே இல்ல" பேச்சக் கேட்டுத்தான் நான் அஞ்சாவது மாசம் எறங்குனேன். எடை இல்ல, ஒத்துக்கறேன். பக்கத்துல இருக்கறவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா அவன இழுத்துட்டு போட் வரைக்கும் நீந்தறது யாரு? வாய்லேர்ந்து ரெகுலேட்டர் நழுவினா வலது கைய பின்னால வீசி துழாவி எடுக்கணும்ல? தோளுக்குப் பின்னாடி போகாத கைய வச்சுக்கிட்டு?

எனக்கு அதெல்லாம் ஒண்ணும் ஆகல. 18 மீட்டர், ரெண்டு டைவ், சூப்பரா இருந்துச்சு. ராத்திரி 9 மணிக்கு அதே தோள்ல ஆழமா ஒரு வலி. இப்ப சொல்லுங்க, அது தச்ச எடத்து வலியா, இல்ல நைட்ரஜன் குமிழியா? பெண்ட்ஸ் (மேல வரும்போது உடம்புல அந்தக் குமிழி கட்டறது) வந்தா ரொம்ப பேருக்கு முதல்ல புடிக்கறதே தோள்தான். போன்ல டாக்டர் கேக்கறாரு, "கைய அசைச்சா வலி கூடுதா, இல்ல ஒரே மாதிரி இருக்கா?" நான் அசைச்சு அசைச்சுப் பாக்கறேன், அஞ்சு மாசமா அசைச்சாலும் வலி அசைக்காட்டியும் வலின்னு வாழ்ந்தவனுக்கு என்ன தெரியும்? நான் இருந்தது அந்தமான்ல ஹேவ்லாக் தீவு, ராத்திரி ஃபெர்ரி கிடையாது. பெண்ட்ஸுக்கு அழுத்தம் குடுக்கற சேம்பர் போர்ட் பிளேர்ல. விடியற வரைக்கும் ஆக்சிஜன் மாஸ்க்க போட்டுக்கிட்டு மேல ஃபேன் சுத்தறத பாத்துட்டே கெடந்தேன், பக்கத்துல டைவ் சென்டர் பொண்ணு ஒருத்தி சிலிண்டர் முள்ளையே பாத்துட்டு உக்காந்திருந்தா. காலைல வலி பாதி கொறஞ்சுது. எதுக்கும் இருக்கட்டும்னு சேம்பர்ல போட்டாங்க. எதனால வந்துச்சுன்னு கடைசி வரைக்கும் யாராலயும் அடிச்சு சொல்ல முடியல. அதுதான் உறுத்துது.

டாங்க் மாமா:
நான் "ஆழமில்லாத"ன்னு எழுதியிருக்கேன். 18 மீட்டர் ரெண்டு டைவ் எங்க இருக்கு அதுல.

பபிள்ஸ் கோவை:
கடலுக்குள்ள போனவன் 6 மீட்டர்ல நின்னுட்டு திரும்பி வருவானா மாமா. நீங்க வருவீங்களா?

கல்லடிக் காத்து:
நீங்கள் எல்லாம் லீவுக்கு டைவ் பண்ற ஆக்கள், எனக்கு அதுதான் சம்பளம். மட்டக்களப்பில கடல் அடங்கிறது பங்குனி சித்திரையில இருந்து புரட்டாதி மட்டும்தான், பிறகு மாரி. பங்குனியில மோட்டச்சைக்கிள்ல விழுந்து தோள் விலகி ஒப்பரேஷன். ஒரு சீசன் முழுக்கப் போச்சு.

ஹேர்மிஸ் பாக்கவெண்டே ரெண்டு வெள்ளைக்காரர் முந்தின வருஷமே புக் பண்ணி வந்தவை. 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் குண்டு போட்டுத் தாட்ட விமானந்தாங்கி, 50 மீட்டருக்கும் மேல ஆழம், பயிற்சி இல்லாத ஆக்கள் போற இடமில்ல. நான் பழக்கின பெடியன்தான் அண்டைக்குக் கூட்டிக்கொண்டு இறங்கினவன். நான் போட்டில, இடது கையால மிதவைக் கயிற்றைப் பிடிச்சுக்கொண்டு. கீழ ஆள் கயிற்றில வந்து நிண்டால் ஒரு சின்ன இழுவை தெரியும், அது வெளிச்சம் மாதிரி. குறிச்ச நேரம் வந்திட்டுது, இழுவை இல்லை. ரெண்டு நிமிஷம். மூண்டு. ஸ்பெயார் டாங்கி பக்கத்தில கிடக்கு, வலது கை கட்டுக்குள்ள. ஆறாவது நிமிஷம் கயிறு ஆடிச்சுது. பிறகு அவங்கள் மேல தரிச்சு நிண்டு வர இன்னும் எவ்வளவோ நேரம்.

பெடியன் மேல வந்தோண்ண வெள்ளைக்காரருக்கு முன்னால வைச்சு அவனை ஏசிப்போட்டன். ஒரு பிழையும் செய்யேல்லை அவன், நீரோட்டம். அவன் திருப்பி ஒண்டும் கதைக்கேல்லை, எனக்கு ஏணியால இறங்கக் கை தந்தவன்.

முத்துநகர்:
பெண்ட்ஸ் பேச்சு வந்ததால சொல்றேன், எனக்கு ஆபரேஷன் கிடையாது, இது எங்க சித்தப்பா கதை. தூத்துக்குடில கம்ப்ரஸர் குழாய வாய்ல வச்சு சங்கு குளிச்சவரு. எவ்ளோ நேரம் கீழ இருக்கலாம்னு சொல்ற கம்ப்யூட்டர், டேபிள் ஒண்ணும் கிடையாது, பை நெறஞ்சா மேல வருவாரு. சாயங்காலம் தோள் வலிக்கும், மறுநாள் எறங்குனா கீழ போனதும் வலி போயிரும், அதனால கடல்தான் மருந்துன்னு சொல்லிட்டுத் திரிஞ்சாரு. (மாமா, கடல விட நல்ல பிசியோ இல்லன்னு நீங்க எழுதுனதப் பாத்ததும் அவர் ஞாபகம் வந்துட்டு.) எக்ஸ்ரேல தோள் எலும்போட உருண்டைத் தலை ஒரு பக்கம் சப்பையா இருந்துச்சு, ரத்த ஓட்டம் நின்னு செத்துப்போன எலும்புன்னாங்க. இப்ப தலை சீவ கை எட்டாது. பேத்தி ஸ்கூலுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி சீவி விடுவா, தண்ணி தொட்டு நடுவகிடு எடுத்து. அவருக்கு ஆயுசுக்கும் பக்க வகிடு. வாயே தொறக்க மாட்டாரு.

டாங்க் மாமா:
சரிப்பா. நாலு மாசம்னு எழுதுனத வாபஸ் வாங்கிக்கறேன். டாக்டர் சொல்ற மாசம்.

கரையேறியவன்:
டாக்டர் ஆறு மாசம்னு சொல்லியிருந்தாரு, போன வாரம் முடிஞ்சுது. கைய மேல தூக்கச் சொன்னாரு, காதோட ஒட்டுச்சு. பின்னாடி கொண்டுபோகச் சொன்னாரு, பேன்ட் பாக்கெட் வரைக்கும்தான். "பூல் ஓகே, கடல் அடுத்த விசிட்ல பேசலாம்"ன்னுட்டாரு. ஞாயித்துக்கிழமை பூல்ல, 3 மீட்டர்ல, தரையில முட்டி போட்டு உக்காந்து டைல்ஸ் எண்ணிட்டு இருந்தேன், 20 நிமிஷம், சொர்க்கம். வீட்டுக்கு வந்து துண்ட காயப் போடும்போது அம்மா வாசனைய வச்சே கண்டுபுடிச்சுட்டாங்க, "குளோரினா?"ன்னாங்க. ஆமான்னேன். "ம்"னு அந்தக் கருப்புத் துணியால குக்கர எறக்கிட்டுப் போயிட்டாங்க.

முன்பக்க ஜிப் வச்ச வெட்சூட் 3 எம்எம், மீடியம் சைஸ், யாராவது செகண்ட் ஹேண்ட் குடுக்கறீங்களா? வீட்டுக்கு அனுப்ப வேணாம், ஆபீஸ் அட்ரஸ் தர்றேன்.