வேக்கம் பம்புக்கு ‘காற்றிறைப்பி’ என்று சொல்லலாம்

நண்பர்களே, வணக்கம்.

வேக்கம் பம்புக்கு, அதாவது டீசல் வண்டியில் பிரேக்குக்கு உதவியாகக் காற்றை உறிஞ்சி எடுக்கும் பம்புக்கு, தமிழ்ச்சொல் கேட்டு நம் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார், அவருக்கு மூன்று நாளாக வந்த பதில்களை எல்லாம் படித்தேன். ‘வெற்றிட எக்கி’ (எக்கி என்றால் பம்ப்) போதும் என்றுதான் பலரும் சொல்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நான் ஊட்டிப் பக்கத்துக் கேத்திக்காரன், கேரட் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஓடும் சின்ன டீசல் லாரி ஒன்று வைத்திருக்கிறேன், பம்பைக் கழற்றி மாட்டும் வேலை வரை நானே செய்வேன். அந்தப் பழக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். பெட்ரோல் எஞ்சினில் உள்ளே போகும் காற்றைத் திராட்டில் தகடு மறித்தே வைத்திருக்கும், அதனால் அந்தத் தகட்டுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்தே இருக்கும், மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டருக்கு அதுவே போதும். டீசலில் காற்றை அப்படி மறிப்பதில்லை. ஆகவே பூஸ்டருக்குள் இருக்கும் காற்றை வெளியே எடுக்கத் தனியாக ஒரு பம்ப் வேண்டியிருக்கிறது. என் வண்டியில் அது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் முதுகில் சேர்ந்தே வருகிறது. உள்ளே ஒரு ரோட்டர், அதன் பள்ளங்களில் முன்னும் பின்னும் நகரும் பிளேடுகள், அவை தேயாமலும் இடுக்கில் காற்று கசியாமலும் இருக்க எஞ்சினிலிருந்து சின்னக் குழாயில் வரும் ஆயில். பிளேடுகள் சுற்றிச் சுற்றிக் காற்றை அள்ளி வெளியே தள்ளுகின்றன. இந்தப் பம்ப் வெற்றிடம் என்று எதையும் எங்கேயும் அனுப்புவதில்லை, அது தொடும் ஒரே பொருள் காற்று.

கோவை ஐயா எழுதியிருந்தார், ‘வெற்றிட எக்கி’ என்பதை வெற்றிடத்தை உண்டாக்கும் எக்கி என்று விரிக்க வேண்டும், தேர்ப்பாகன் தேரை ஓட்டும் பாகன் ஆவது போல, நடுவில் வர வேண்டிய சொற்கள் மறைந்து நிற்கும் ‘உருபும் பயனும் உடன்தொக்க தொகை’ என்று. இலக்கணப்படி அவர் சொல்வது சரி. ஆனால் அதே வண்டியில் நீர் எக்கி இருக்கிறது, எண்ணெய் எக்கி இருக்கிறது, எரிபொருள் எக்கி இருக்கிறது. மூன்றிலும் முன்னால் நிற்கும் சொல், எக்கி தூக்கி அனுப்பும் பொருளின் பெயர். நான்காவதில் மட்டும் படிக்கிறவர் தொகையை வேறு மாதிரி விரித்துக்கொள்வார் என்று எதிர்பார்க்க முடியாது.

இந்தக் குழப்பத்துக்கு நானே பணம் கொடுத்திருக்கிறேன். ஒரு மழைக்காலத்தில் பிரேக் பெடல் கட்டை மாதிரி இறுகிவிட்டது. ஊட்டியில் ஒரு பட்டறையில் பம்பின் வாயில், வெளிக்காற்றைவிட உள்ளே அழுத்தம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று காட்டும் கேஜ் வைத்துப் பார்த்தார்கள், பாதரசக் கணக்கில் 20 அங்குலம் காட்டியது. 26 வர வேண்டும், பம்ப் போய்விட்டது என்றார்கள். புதுசு மாட்டினோம். அதுவும் 20தான். அந்தப் பம்பும் சரியில்லை, வேறு கம்பெனி போடலாம் என்று பேச்சு போனது. கடைசியில் பூஸ்டருக்குப் போகும் ஹோஸ், கிளாம்புக்குப் பக்கத்தில் வெடித்திருந்ததைக் கண்டுபிடித்தேன். பம்ப் முதலிலிருந்தே நன்றாகத்தான் இருந்திருக்கிறது. ஊட்டி சுமார் 2240 மீட்டர் உயரம். கடல்மட்டத்தில் 30 அங்குலம் இருக்கும் காற்றழுத்தமே அங்கே ஏறக்குறைய 23தான், இருக்கிற காற்று முழுவதையும் எடுத்தால்கூட கேஜ் 23ஐத் தாண்டாது. பிறகு குன்னூர் வழியாகப் பதினான்கு கொண்டை ஊசி வளைவையும் இறங்கி மேட்டுப்பாளையத்தில் பழைய பம்பைத் திரும்ப மாட்டிப் பார்த்தேன், முள் 26இல் நின்றது. பூஸ்டரில் பிரேக்கை அழுத்தித் தருவதே வெளிக்காற்றுதான், மெல்லிய தடுப்பின் ஒரு பக்கம் காற்று எடுக்கப்பட்டிருக்கும், மிதித்ததும் மறுபக்கம் வெளிக்காற்று நுழைந்து தள்ளும், அதனால் மலைமேல் பிரேக்குக்குக் கிடைக்கும் உதவியும் கிட்டத்தட்ட கால்வாசி குறைவு. பெயரில் காற்று இருந்திருந்தால் அன்றைக்கு அந்தப் பட்டறையில் யாருக்காவது இந்த ஊர்க் காற்றின் ஞாபகம் வந்திருக்கும் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

முதலில் இந்தக் கருவியைச் செய்தவர்களும் காற்றை வைத்துத்தான் பெயர் சொன்னார்கள். 1650ஐ ஒட்டி ஜெர்மனியில் ஓட்டோ வான் கெரிக்கே தண்ணீர் நிரம்பிய மரப்பீப்பாயிலிருந்து தண்ணீரை வெளியே எடுத்து உள்ளே வெறுமையை உண்டாக்கப் பார்த்தார், மர இடுக்குகளில் காற்று நுழைந்துகொண்டே இருந்தது. அப்புறம்தான் செம்புக் கோளத்திலிருந்து நேராகக் காற்றையே எடுக்கப் போனார். அந்தக் காலத்தில் ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் இதற்குக் ‘காற்றுப் பம்ப்’ என்ற பொருளில்தான் பெயர். வெற்றிடம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

ஆகவே என் முன்மொழிவு ‘காற்றிறைப்பி’. கிணற்றிலிருந்து தண்ணீரை இறைக்கிறோம், அதே வேலையை இது காற்றுக்குச் செய்கிறது. இறவைப் பயிர், மானாவாரிப் பயிர் என்று விவசாயிகள் இன்றும் பிரித்துச் சொல்கிறார்கள், அந்த வேர் இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது. யாழ்ப்பாணத்து அக்கா சொன்ன ‘வெற்றிடப் பம்பி’ சொல்ல எளிது, ஆனால் வெற்றிடம் அதிலும் நிற்கிறது. ‘எக்கி’யை நான் வெறுக்கவில்லை. வயிற்றை எக்குவது என்றால் உள்ளே இழுப்பது, அந்தப் பொருள் இதற்குப் பொருந்தவே செய்கிறது, ‘காற்றெக்கி’ என்று முடிவானாலும் மறுக்க மாட்டேன்.

டயருக்குக் காற்றடிக்கும் கருவியோடு குழம்பாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். குழம்பாது. டயருக்கு நாம் காற்று அடிக்கிறோம், யாரும் இறைப்பதில்லை. பெரிய லாரிகளின் ஏர் பிரேக்குக்குக் காற்றை அமுக்கிச் சேர்ப்பதைக் காற்றமுக்கி என்று தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். வாரி இறைத்தல் என்ற பொருளில் எடுத்துக்கொண்டு மின்விசிறி என்று நினைப்பார்களே என்பது வலுவான ஆட்சேபம்தான், இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் ‘தண்ணி இறைக்கிற மோட்டார்’ என்றால் தண்ணீரைச் சிதறடிக்கும் மோட்டார் என்று எந்தத் தோட்டக்காரரும் நினைப்பதில்லை.

கலைச்சொல்லைத் தனியாக வைத்துப் பார்த்தால் போதாது, வேலைக்குறிப்பில் எழுதிப் பார்க்க வேண்டும். இப்படி எழுதிப் பார்த்தேன்:

“புதிய காற்றிறைப்பியை மாட்டுமுன் அதன் ஆயில் வாயில் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டுக் கையால் சுற்றவும், உலர்ந்தபடி ஓடினால் பிளேடு தேயும். ஆயில் குழாயின் செம்பு வாஷர்களைப் புதிதாகப் போடவும். காற்றிறைப்பியின் ஆயில் சீல் கசிந்தால் ஆயில் ஆல்டர்னேட்டருக்குள் இறங்கிக் கார்பன் பிரஷ்ஷைக் கெடுக்கும். ஹோஸில் உள்ள ஒருவழி வால்வு சரியான திசையில் இருக்கிறதா என்று பார்க்கவும். மாட்டி முடித்ததும் எஞ்சினை நிறுத்திப் பெடல் இறுகும்வரை சில முறை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யவும். பெடல் சற்று உள்ளே இறங்கினால் காற்றிறைப்பி வேலை செய்கிறது.”

எனக்கு எங்கேயும் இடறவில்லை. உங்களுக்கு இடறினால் எந்த வரி என்று சொல்லுங்கள்.

போன வாரம் பட்டறையில் இந்தச் சொல்லைச் சும்மா சொல்லிப் பார்த்தேன். வேலை பழகும் பையன் உடனே கேட்டான், “இறைச்ச காத்து எங்கண்ணா போகுது?” வேக்கம் பம்ப் என்று இத்தனை வருடம் சொல்லியும் ஒருவர்கூட என்னிடம் கேட்காத கேள்வி. ஆயிலோடு சேர்ந்து திரும்பு குழாய் வழியாக எஞ்சினின் அடிவயிற்றுக்குள் போய், எஞ்சின் மூச்சுவிடும் குழாயான பிரீதர் வழியாக வெளியேறுகிறது என்று குழாயைத் தொட்டுக் காட்டினேன். பூஸ்டருக்குள் இருக்கும் அந்த மெல்லிய தடுப்பு (டயாப்ரம்) கிழிந்திருந்தால் அந்தக் காற்று நிற்காமல் வந்துகொண்டே இருக்கும், பிரீதர் புசுபுசுவென்று அடிக்கும், பிஸ்டன் ரிங் போச்சு என்று எஞ்சினைப் பிரித்துவிடுவார்கள். பம்புக்குப் போகும் ஹோஸைக் கழற்றிப் பம்பின் வாயை விரலால் அடைத்துப் பார்த்தால் பிரீதர் அடங்கிவிடும், தெரிந்துவிடும். அவன் அதை அங்கேயே நின்று செய்தும் பார்த்தான்.

பிளேடுக்கு இன்னும் சொல் இல்லை. ‘தகடு’ எனக்குப் போதும், ஆனால் பள்ளத்துக்குள் நகர்வதைக் காட்டும் சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.