ஏஜென்ட் 3 சதவீதம் கமிஷன் கேட்கிறார். குறைத்துப் பேசலாமா?

நிலைக்கதவு:

அம்மா இருந்த வீட்டை விற்கிறோம். அம்மா போய் எட்டு மாதம் ஆகிறது. தம்பியும் நானும்தான் வாரிசு. அவன் எல்லாவற்றையும் என் பொறுப்பில் விட்டுவிட்டான்.

போன வாரம் ஒரு ஏஜென்ட் வந்து பார்த்தார். டேப் பிடித்து அறை அறையாக அளந்தார், குழாயைத் திறந்து பார்த்தார், மேல்தளம் ஒழுகுமா என்று கேட்டார். கடைசியில் நான்கு பக்க ஒப்பந்தத்தை மேசையில் வைத்தார். விற்ற விலையில் 3 சதவீதம் கமிஷன், ஆறு மாதத்துக்கு அவர் மூலமாக மட்டும்தான் விற்க வேண்டும். "எல்லாரும் வாங்குற ரேட்தாம்மா" என்றார். நான் கையெழுத்துப் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.

2க்கு மேல் தரக்கூடாது என்கிறான் தம்பி. எனக்கோ, குறைக்கச் சொன்னால் அந்தக் கோபத்தை வேலையில் காட்டிவிடுவாரோ என்று பயம். அந்த 3 சதவீதம் எதற்கு என்பதே எனக்கு விளங்கவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

சாவிக்கொத்து:

பதினாறு வருடம் ஏஜென்டாக இருந்தவன் நான். இப்போது அந்தத் தொழிலில் இல்லை, அதனால் மறைக்காமல் சொல்கிறேன்.

"எல்லாரும் வாங்குற ரேட்" என்று நானும் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். பேசி முடிப்பதுதான் ரேட். நீங்கள் கேட்டால் எந்த ஏஜென்டும் கோபித்துக்கொள்ள மாட்டார், தினமும் பேரம் பேசுவதுதான் அவர் பிழைப்பு. ஒரு பேச்சுக்குச் சட்டென்று பாதியாகக் குறைத்துவிடுகிற ஆளைக் கண்டால்தான் எனக்குச் சந்தேகம் வரும். தன் காசையே விட்டுக்கொடுப்பவர் உங்கள் விலைக்கு எவ்வளவு நேரம் நிற்பார்?

முதலில் அந்த 3 எப்படிப் பிரிகிறது என்று கேளுங்கள். முழுதும் அவர் பைக்குப் போவதில்லை. அவர் சார்ந்த அலுவலகத்துக்கு ஒரு பங்கு போகும். வாங்கும் பார்ட்டியை வெளி ஏஜென்ட் கூட்டி வந்தால், பல இடங்களில் அவருக்கும் இதிலிருந்தே பங்கு போகும். நீங்கள் அரை சதவீதம் குறைத்ததும் இவர் அந்த வெளி ஆளின் பங்கில் கை வைத்தால், வெளி ஆட்கள் தங்கள் பார்ட்டியை வேறு வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். உங்கள் வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் குறைவார்கள், காரணமும் உங்களுக்குத் தெரியாது. ஆகவே, "குறைக்கிறது உங்க பங்கிலயா, அவங்க பங்கிலயா?" என்று நேராகக் கேளுங்கள். வாங்குபவரையும் இவரே கொண்டுவந்தால் பங்கு பிரிக்க வேண்டியதில்லை. அப்படியானால் 2, வெளி ஆள் வந்தால் 3 என்று எழுதிக்கொள்ளலாம். உங்கள் தம்பிக்கும் அது சரிப்படும். வாங்குபவரிடமும் தனியாக இவர் கமிஷன் வாங்குவாரா என்பதும் தாளில் இருக்கட்டும். இரண்டு பக்கமும் வாங்குகிறவர் உங்களுக்காக மட்டும் வாதாட மாட்டார்.

இன்னொரு கணக்கு. வீட்டின் விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 சதவீதம் என்றால் அவருக்கு 2. இரண்டு மாதம் பொறுத்து 105க்கு விற்றால் அவருக்கு 2.1. உங்களுக்கு ஏறக்குறைய 5 கூடுகிறது, அவருக்கு 0.1. அந்த 0.1க்காக இரண்டு மாதம் கூடுதலாகச் சாவியைத் தூக்கிக்கொண்டு அலைவாரா? "வந்த பார்ட்டியை விட்டுடாதீங்கம்மா" என்றுதான் சொல்வார். அது கெட்ட எண்ணம் இல்லை, கணக்கு அப்படி.

இதற்கு நான் கண்ட வழி படிக்கட்டு மாதிரிக் கமிஷன். 100 வரைக்கும் 1.5 சதவீதம், அதற்கு மேல் வருகிற தொகையில் 10 சதவீதம். 105க்கு விற்றால் அவருக்கு 2, 108க்கு விற்றால் 2.3. ஒவ்வொரு படியும் அவருக்கு உறைக்கும். ஆனால் அந்த 100 எது என்பதை அவர் ஒருவரே முடிவு செய்யக்கூடாது, தாழ்த்தித்தான் வைப்பார். குறைந்தது மூன்று பேரிடம் விலை மதிப்புக் கேளுங்கள். மூவரில் ஒருவர் மட்டும் மிக உயரமாகச் சொன்னால் மயங்கிவிடாதீர்கள். ஒப்பந்தம் பிடிப்பதற்காக விலையை ஏற்றிச் சொல்லிவிட்டு, கையெழுத்தான பின் "சந்தை டல்லா இருக்கும்மா" என்று மாதாமாதம் இறக்குகிறவர்கள் உண்டு.

"உங்க கைக்கு இவ்வளவு வந்தா போதுமா? மேல வர்றது எனக்கு" என்று யாராவது சொன்னால் மட்டும் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். வீட்டின் உண்மையான விலை தெரியாதவர்களிடம்தான் அப்படிக் கேட்பார்கள்.

கணக்குச்சுவடி:

சாவிக்கொத்து ஐயா சொன்னதற்கு ஆய்வே இருக்கிறது. ஸ்டீவன் லெவிட், சாட் சிவர்சன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் சிகாகோவைச் சுற்றியுள்ள பகுதிகளில் ஏறத்தாழ ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை எடுத்துப் பார்த்து 2008ல் வெளியிட்டார்கள். ஏஜென்டுகள் தங்கள் சொந்த வீட்டை விற்றபோது, மற்ற வீடுகளைவிடச் சராசரியாக 9.5 நாள் கூடுதலாகக் காத்திருந்து, 3.7 சதவீதம் கூடுதல் விலைக்கு விற்றிருக்கிறார்கள். அந்த 3.7ஐ, நீங்கள் குறைக்கப் பார்க்கும் 1 சதவீதத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் வீட்டு ஏஜென்டுகளின் சங்கமான தேசிய ரியல்டர் சங்கம், கமிஷன் வழக்குகளில் 2024ல் செய்துகொண்ட சமரசத்துக்குப் பிறகு, வாங்குபவரின் ஏஜென்டுக்கு விற்பவர் என்ன தருவார் என்பதை ஏஜென்டுகளின் பொதுப் பட்டியலில் போடக்கூடாது என்று விதி மாறியது. அவ்வளவு பெரிய சந்தையிலேயே ரேட் பேசி முடிக்கிற விஷயம்தான்.

மூன்றாம்மாடி:

அக்கா, கையெழுத்துக்கு முன் நான்காம் பக்கத்தை நன்றாகப் படியுங்கள். நான் படிக்காமல் விட்டு மாட்டிக்கொண்டேன்.

எங்கள் ஒப்பந்தம் மூன்று மாதம். வீடு விற்கவில்லை, முடித்துக்கொண்டோம். ஐந்து வாரம் கழித்து ஒரு தம்பதி நேராக வந்து கதவைத் தட்டி, விலை படிந்து வாங்கினார்கள். பத்திரம் முடிந்த மறுவாரம் பழைய ஏஜென்டிடமிருந்து முழுக் கமிஷனுக்கும் கடிதம். ஒப்பந்தம் முடிந்து 180 நாளுக்குள், அவர் காட்டிய யார் வாங்கினாலும் கமிஷன் உண்டு என்று கடைசிப் பக்கத்தில் இருந்தது. அந்தத் தம்பதியை அவர் கூட்டி வந்த நாளில் நான் வீட்டில் இல்லை. கொடுத்துத்தான் தீர வேண்டியிருந்தது. இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அந்த விதியே கூடாது என்று சொல்ல மாட்டேன், அவர் உழைப்புக்கும் ஒரு காவல் வேண்டும். ஆனால் அந்த 180 நாள் என்பதை 60 நாளாகக் குறையுங்கள். ஒப்பந்தம் முடிந்த ஒரு வாரத்துக்குள் யார் யாருக்கு வீட்டைக் காட்டினார் என்று பெயர்ப் பட்டியல் தர வேண்டும், பட்டியலில் இல்லாத ஆளுக்குக் கமிஷன் இல்லை என்று எழுதுங்கள். அட்வான்ஸ் வாங்கியதுமே முழுக் கமிஷன் என்று இருந்தால் அதையும் பத்திரப் பதிவு நாளுக்கு மாற்றுங்கள். அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் பின்வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

நிலைக்கதவு:

எல்லாருக்கும் நன்றி. ஞாயிறு அவர் வந்தார், நீங்கள் எழுதியதை எல்லாம் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மற்ற இரண்டு ஏஜென்டுகளிடமும் விலை மதிப்புக் கேட்டிருந்தேன். இவர் சொன்னது நடுவில் இருந்தது.

படிக்கட்டுக் கமிஷனுக்கு ஒப்புக்கொள்ளவில்லை, அலுவலகத்தில் அனுமதி இல்லையாம். வெளி ஆள் வந்தால் 2.75, இவரே கொண்டுவந்தால் 2, வாங்குபவரிடம் எதுவும் வாங்குவதில்லை என்று எழுதிக் கொடுத்தார். ஆறு மாதம் மூன்றானது. கமிஷன் பதிவு நாளில்தான். பெயர்ப் பட்டியல் கேட்டதும் கொஞ்சம் யோசித்தார், பிறகு ஒப்பந்தம் முடிந்த பின் 90 நாள் வரைதான் கமிஷன் உரிமை என்று முடிந்தது. கோபப்படவே இல்லை. தம்பியிடம் போனில் வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

புதன்கிழமை போட்டோ எடுக்க வருகிறார். அம்மாவின் தையல் மெஷினை முன்னறையிலிருந்து எடுத்துவிடச் சொல்லியிருக்கிறார்.