ஒன்லைன் கடை: எழுதுவிச்ச சொஃப்ட்வெயரோ, ரெடிமேட்டோ? திருமலை ஆக்கள் பட்டதைச் சொல்லுங்கோ

உவர்மலைச் சேலை

மருதமுனைக் கைத்தறி விக்கிறம். கடை எண்டு தனியா இல்லை, வீட்டு முன்னறைதான். சைட்டைக் கொழும்பில ஒரு கொம்பனி எங்களுக்கெண்டே எழுதித் தந்தது. வடிவில குறை சொல்ல மாட்டன்.

இன்னும் மனசைக் குடையிறது ஒரு மயில்கழுத்துச் சேலை. ஒரேயொரு துண்டு. அந்தப் பாவு முடிஞ்சுது, இனி அந்த நிறம் வராது எண்டு நெய்யிற அண்ணை முதலே சொல்லிட்டார். படம் போட்டுக் கொஞ்ச நேரத்தில ரெண்டு ஓடர், ரெண்டும் காசு கட்டின ஓடர். ஒண்டு லிங்கநகர், மற்றது வவுனியா. ஸ்டொக்கைத் திறந்து பாக்கிறன், மைனஸ் ஒண்டு எண்டு காட்டுது. மைனஸ் ஒரு சேலையை நான் எந்தப் பெட்டியில மடிச்சு வைக்கிறது?

லிங்கநகர்ப் பிள்ளைக்கு அது பொன்னுருக்கலுக்கு. வவுனியா அக்காவுக்கு மகளின்ர சாமத்திய வீட்டுக்கு. ரெண்டு பேரும் ஃபோனில அழாத குறை. கொம்பனிக்கு எடுத்தா, "ஒரே நேரத்தில ரெண்டு பேர் வந்தா அப்பிடி நடக்கும், அதுக்குத் தனியா எழுதோணும், கொட்டேஷன் அனுப்புறம்" எண்டுறாங்கள். ஒரு சாமானை ஒருக்காத்தான் விக்கலாம் எண்டுறதுக்கும் தனிக் காசோ?

இப்ப தங்கச்சி வேற கடை துவங்கப் போறாள். நான் ரெடிமேட் எடு எண்டுறன், அவள் எழுதுவிப்பம் எண்டு நிக்கிறாள். உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கோ.

பாலையூற்றுக் கருவாடு

குறை நினைக்காதேங்கோ அக்கா, அந்தக் கொம்பனியின்ர வேலை சரியில்லை, அவ்வளவுதான். அதை வச்சு எழுதுவிக்கிறதே கூடாது எண்டு சொல்லாதேங்கோ.

நான் ரெடிமேட்டிலதான் துவங்கினது. நெத்தலி, சூடை எண்டா கரைச்சல் இல்லை, 250 கிராம் பக்கற் கட்டினாச் சரி. பாரைக் கருவாட்டை என்ன செய்யிறது? முழு மீன் ஒண்டு 800 கிராமும் வரும், ஒண்டேகால் கிலோவும் வரும். ரெடிமேட்டுக்கு விலை முதலே தெரியோணும். எனக்குத் தராசில வச்ச பிறகுதான் விலை தெரியும். வெட்டிப் பக்கற் கட்டு எண்டு சிலர் புத்தி சொன்னவை. வெட்டின பாரையை ஆர் வாங்குறது?

பக்கத்து வீட்டுப் பெடியன் ஒருத்தன் எழுதித் தந்தான். ஓடர் வரும், ஆனா காசு எடுக்காது. நான் நிறுத்து, தராசோட படம் எடுத்துப் போட்டா, அந்த நிறைக்கு விலை கணக்குப் பாத்து வாங்குறவருக்கு லிங்க் போகும். பிடிச்சாக் கட்டுவார். முதல் படம் வெள்ளவத்தையில ஒரு அம்மாவுக்குப் போச்சு. போன கையோட ஃபோன் வந்துது. "தம்பி, தராசுத் தட்டில உம்மட பெருவிரல் முட்டுது. விரலை எடுத்துப்போட்டு இன்னொருக்காப் படம் அனுப்பும்." அனுப்பினன். 15 கிராம் குறைஞ்சுது. "ம்ம்" எண்டு மட்டும் சொல்லிப்போட்டுக் காசு கட்டினா. இண்டைக்கும் அவதான் என்ர பெரிய வாடிக்கை.

பெடியன் இப்ப கட்டார்ல. ஏதும் உடைஞ்சா வெள்ளிக்கிழமை லீவில பாத்துத் தருவான். அதுமட்டும் வாட்ஸ்அப்பில விப்பன்.

கிண்ணியாத் தயிர்

வெள்ளிமட்டும் கருவாடு பொறுக்கும். தயிர் பொறுக்குமா நானா?

எங்கட தளம் ரெடிமேட். இலவசமா எடுத்தது, மேல காசுக்கு வாங்கிப் பூட்டின பிளகின் என்ற சின்னச் சின்னச் சொஃப்ட்வெயர்கள். அதுல ஒண்டு தேதி பிளகின். ராவைக்கு உறை ஊத்தினாத்தான் காலைல தயிர், அதனால பின்னேரம் 4 மணியோட மறுநாள் ஓடரை மூடணும், இத்தனை முட்டிக்கு மேல எடுக்கக் கூடாது. நல்லாத்தான் செஞ்சிச்சு.

நோன்பு தொடங்குற ராவு தளம் தானா அப்டேட் ஆகிடிச்சு. பிளகின் பழசு. "கூடையில் சேர்" பொத்தானைக் காணல்ல. தயிர்ப் படம் இருக்கு, விலை இருக்கு, வாங்கத்தான் வழியில்ல. இதெல்லாம் எனக்கு எங்க தெரியும்? சஹருக்கு எழும்பிப் பாத்தா ஒரு ஓடர் இல்ல. வாப்பா விறாந்தை நிறைய முட்டி அடுக்கி வெச்சிட்டு என்னையே பாக்குறார். ஒரு வார்த்தை பேசல்ல. ஏசியிருந்தாலும் பரவாயில்ல.

அண்டைய தயிர் பள்ளிவாசலுக்கும் பக்கத்து வீடுகளுக்கும் போச்சு. பிளகின்காரனுக்கு எழுதினதுக்கு நோன்பு பாதி போன பிறகு பதில் வருது: என்ன வேர்ஷன், ஸ்கிரீன்ஷொட் அனுப்பு. அவன் எந்த நாட்டுக்காரன் என்டும் தெரியாது. உங்கட பெடியன் கட்டார்ல இருந்தாலும் பேர் தெரியும், உம்மா வாப்பா ஆரெண்டு தெரியும்.

தம்பலகாமத்து வயல்

நான் அரிசி போட்டுப் பாத்தனான். ஒருத்தரும் வாங்கேல்லை, விட்டிட்டன். என்ர கதை அவ்வளவுதான்.

கிண்ணியாத் தம்பிக்கு ஒண்டு சொல்லோணும். முட்டியைத் தூர இடத்துக்கு அனுப்புறதெண்டா வாய்க்குக் கடதாசி கட்டுறதை விடும். மெல்லிய பிளாஸ்டிக் மூடியைப் போட்டு அதுக்கு மேல கடதாசியைக் கட்டும், பாக்கவும் தயிர்முட்டியாத்தான் இருக்கும். பெட்டிக்குள்ள அடியில வைக்கோல், முட்டிக்கு முட்டி இடையில வைக்கோல், மேலயும் ஒரு பிடி. தெர்மோகோல் வாங்கிக் காசைக் கரியாக்காதேயும், வைக்கோல் எங்கட பக்கம் வந்தாச் சும்மா தருவம். கூரியரில போடாதேயும், அவை பெட்டியை எறியிறதை நான் என்ர கண்ணால பாத்தனான். இரவு பஸ்ஸில கொழும்புக்குப் போடும். கந்தளாய், ஹபரணை எண்டு குளிர்ல போய் விடியச் சேரும். கொண்டக்டருக்கு ஒரு முட்டி குடுத்தீரெண்டா மற்ற முட்டிகளை மடியில வச்சுக் கொண்டு போவார். முட்டி வாங்கேக்க சுண்டிப் பாத்து வாங்கும், சத்தம் மொட்டையா வந்தா உள்ளுக்க வெடிப்பு.

கிண்ணியாத் தயிர்

அண்ணன், நான் கொழும்புக்கு அனுப்புறதே இல்ல. கிண்ணியா, டவுன், சீனக்குடா, அவ்வளவுதான்.

உட்துறைமுக வீதிக் கோட்காரன்

நான் இந்தத் தொழில் செய்யிற ஆள், ரெண்டு பக்கத்தாலயும் ஏச்சு வாங்குறவன்.

மத்திய வீதியில ஒரு பலசரக்குக் கடை. ஆரோ எழுதின பழைய சைட்டைப் புதுசுக்கு மாத்தித் தரச் சொன்னவை. தேடுற பெட்டியில கருவாடு எண்டு அடிச்சன், ஒண்டும் வரேல்லை. முதலாளி சிரிச்சுக்கொண்டு வந்து, ஆங்கிலக் கீபோர்டில எஃப், யூ, ரீ, எச், எல் எண்டு தட்டினார். கருவாடு வந்து நிண்டுது. முழு டேட்டாபேஸும் பாமினி எண்ட பழைய எழுத்துருவில! கலியாணக் கார்ட் அடிக்கிற கொம்பியூட்டரில இருந்ததை அப்பிடியே ஏத்தி வச்சிருக்கினம். முதலாளிக்கு ஆயிரம் சாமானும் அந்தக் கணக்கில மனப்பாடம். ஃபோனில யூனிகோட் தமிழ் அடிக்கிற வாடிக்கையாளருக்கு அந்தக் கடையில ஒரு சாமானும் இல்லை. எத்தினை வருஷம் அப்பிடி ஓடிச்சுதோ!

சேலை அக்கா, உங்கட பிரச்சினைக்கு மருந்து இருக்கு. ஒருத்தர் ஓடர் போட்ட உடன சாமானைக் கொஞ்ச நேரம் அவருக்கெண்டு ஒதுக்கி வைக்கோணும். வூகொமர்ஸ் எண்ட ரெடிமேட் கடைச் சொஃப்ட்வெயரில அது செட்டிங்கிலயே கிடக்கு. நீங்கள் கை வைக்காட்டியும் 60 நிமிஷம் எண்டு இருக்கும், அதுக்குள்ள காசு வராட்டி ஓடரை ரத்துச் செய்து சாமானைத் திரும்ப விடும். எழுதுவிக்கிறதெண்டா, ஸ்டொக்கைக் குறைக்கேக்க "இருந்தாக் குறை, இல்லாட்டி விடு" எண்டு டேட்டாபேஸுக்கு ஒரே கட்டளையில சொல்லோணும். முதல்ல எத்தினை இருக்கெண்டு பாத்து, பிறகு தனியாப் போய்க் குறைக்கிற கோட் எண்டா அந்த இடைவெளிக்குள்ள மற்ற ஆள் பூந்திடுவார். உங்கட வவுனியா அக்கா அப்பிடித்தான் பூந்திருக்கிறா.

காசு விஷயம் இதைவிட மோசம். கார்ட்டில காசு வாங்கித் தாற கேட்வே ரெண்டு வழியால பதில் தரும். ஒண்டு, வாங்கினவரின்ர பிரவுசரை உங்கட "நன்றி" பக்கத்துக்குத் திருப்பி விடுறது. மற்றது, கேட்வேயின்ர சேர்வர் உங்கட சேர்வருக்கு நேர சொல்லுறது. முதலாவதை நம்பிக் காசு வந்திட்டுது எண்டு பதியிற கடையை நான் பாத்திருக்கிறன். நன்றிப் பக்கத்தின்ர விலாசத்தை ஆர் தட்டினாலும் பார்சல் கட்டச் சொல்லும். ரெண்டாவது வழியில வாற டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபாக்கோணும், தொகையையும் பாக்கோணும். ரெடிமேட்டில இதெல்லாம் கனபேர் அடிபட்டுத் திருத்தி வச்சது.

தயிர்த் தம்பி, தானா அப்டேட் ஆகிறதை நிப்பாட்டும். சைட்டின்ர நகல் ஒண்டை வேற இடத்தில வச்சு, அதில அப்டேட் போட்டு, நீரே ஒரு முட்டி வாங்கிப் பாத்திட்டு ஒறிஜினலில போடும். பெருநாள், நோன்பு கிட்ட ஒண்டிலயும் கை வைக்காதேயும். ஆனா ஓட்டை அடைக்கிற அப்டேட்டை மாதக்கணக்கில பின்போடவும் ஏலாது. கருவாட்டண்ணை, சைட்டின்ர விலாசம், அதுதான் டொமைன், உங்கட பேரிலயோ, பெடியன்ர பேரிலயோ? இண்டைக்கே பாருங்கோ. கோட் முழுக்க உங்கட கையில ஒரு பிரதி இருக்கோணும்.

என்ர கட்சி இதுதான். காசும் ஸ்டொக்கும் போற பாதை ரெடிமேட்டா இருக்கட்டும். தராசு, உறை ஊத்துற நேரம், இப்பிடி உங்கட தொழில் உள்ள இடத்தை மட்டும் எழுதுவியுங்கோ.

பாலையூற்றுக் கருவாடு

டொமைன் என்ர பேரிலதான். அந்தத் தராசுத் துண்டை மட்டும் ரெடிமேட்டில பூட்டித் தர எவ்வளவு எடுப்பீர்?

உட்துறைமுக வீதிக் கோட்காரன்

இன்பொக்ஸ் வாங்கோ அண்ணை.

உவர்மலைச் சேலை

இப்பத்தான் விளங்குது ஏன் இவ்வளவு நீளமா எழுதினவர் எண்டு.

உப்புவெளிப் பனையோலை

மாத வாடகைத் தளம். 29 டொலர். துவங்கேக்க டொலர் 200 ரூபா, ஆறாயிரத்துக்குள்ள முடிஞ்சுது. 2022 மார்ச்சில ரூபாவை மிதக்க விட்டது, மே மாதம் பாத்தா 360. அதே கடை, அதே படங்கள், பத்தாயிரத்துக்கு மேல. 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாள் ஒண்டு. ரவுட்டர் செத்துக் கிடக்கு, கடற்கரையில ஒரு வெள்ளைக்காரர் இல்லை, என்ர கடையை நானே திறந்து பாக்கேலாது. அந்த இருட்டுக்குள்ள கார்ட்டில இருந்து வாடகை வெட்டினதா பாங்க் மெசேஜ் மட்டும் நேரத்துக்கு வந்துது.

மூடேக்க சாமான் பட்டியலை இறக்கி எடுக்கலாம். கடையின்ர அமைப்பை அங்கயே விட்டிட்டு வரோணும். எழுதுவிச்ச சைட்டுக்கு ஹோஸ்டிங் (சேர்வர் வாடகை) ரூபாவில கட்டலாமே எண்டு அண்டைக்கு நினைச்சன்.

கன்னியா ஊற்று

ரூபாவில கட்டினாலும் ஹோஸ்டிங்காரர் டொலரிலதானே வாங்கி விக்கிறார்? பில்லைப் பாருங்கோ, பிறகு கதைப்பம்.

ரெடிமேட், எழுதுவிச்சது எண்டு கோடு கீறிக் கதைக்கிறதே எனக்குப் பிடிக்கேல்லை. மாத வாடகைக்குக் கடைத்தளம் தாற ஷாப்பிஃபையே எழுதின கடைதான். டோபி லூட்கே எண்டவர் கனடாவில 2004 இல ஸ்னோபோர்ட் (பனியில சறுக்குற பலகை) விக்கக் கடை துவங்கினவர். கிடைச்ச சொஃப்ட்வெயர் ஒண்டும் பிடிக்காமல் தானே எழுதினவர். பலகையைவிட சொஃப்ட்வெயர் நல்லாயிருக்கெண்டு 2006 இல அதையே விக்க வெளிக்கிட்டினம். ரெடிமேட் எண்டா என்றென்றைக்கும் ஓடும் எண்டும் இல்லை. மஜெந்தோ 1 எண்ட ரெடிமேட் சொஃப்ட்வெயரை நம்பியிருந்த கடைகளுக்கு 2020 ஜூன் 30 ஓட ஆதரவு நிண்டுது. ரெண்டாம் பதிப்புக்குப் போக தீம், பிளகின் எல்லாம் புதுசா எழுதோணும்.

கணக்கும் பாருங்கோ. ஷாப்பிஃபையின்ர சொந்தக் கொடுப்பனவு வசதி இலங்கைக்கு இல்லை. வேற கேட்வே பூட்டினா பேசிக் பிளானில ஒவ்வொரு விற்பனையிலயும் 2 வீதம் அங்க போகும், கேட்வே எடுக்கிற கொமிஷன் வேற. கைத்தறிச் சேலை அதைத் தாங்கும். நெத்தலிப் பக்கற் தாங்குமோ?

எனக்கு நடந்தது? நான் கடை வைக்கேல்லை. வாங்கினனான். அந்த வவுனியா அக்காவைப்போல காசைக் கட்டிப்போட்டுச் சாமான் இல்லாமல் நிண்டனான்.

மூதூர் அபாயா

எல்லாரும் பெரிய பெரிய கதை சொல்றீங்க. என்னை அலைக்கழிச்சது எஸ்எம்எஸ்.

சைட் எழுதின தம்பிக்கிட்ட, மெசேஜ் தமிழ்லதான் போகணும் என்டு பிடிவாதமா சொன்னேன், எங்கட பெண்களுக்கு அதுதான் வசதி. ஆங்கிலத்துல 160 எழுத்து ஒரு மெசேஜ், தமிழ்ல 70 தானாம். கடைப் பேர், ஓடர் நம்பர், எப்ப வரும், எவ்வளவு என்டு எழுதினதுல ரெண்டா உடைஞ்சு போகுது. ஒரு மூத்தம்மாக்கு முதல் துண்டு போகல்ல. மஃரிபு நேரம், அவ ஃபோன்ல ரெண்டாம் துண்டு மட்டும் வருது: "2,450 ரூபாயைத் தயாராக வைத்திருங்கள்."

கப்பம் கேக்குறாங்க என்டு வீடே கூடிட்டு. கூரியர்ப் பொடியன் மறுநாள் பார்சலோட போறான், வாசல்ல மகன், மருமகன், பக்கத்து வீட்டு ஆம்பிளைகள் எல்லாரும் நிக்கிறாங்க. "ஆருடா உன்னை அனுப்பின?" என்டு கேட்டிருக்காங்க. அவன் பார்சலைப் படியில வெச்சிட்டு ஓடிட்டான். அபாயாவை ஓடர் பண்ணினது பேத்தி, பாட்டிட நம்பரைக் குடுத்திருக்கு. அது உள்ளுக்க நின்டு வாயே திறக்கல்ல.

ரெடிமேட்டா இருந்தா இது நடக்குமா, நடக்காதா? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க.

உட்துறைமுக வீதிக் கோட்காரன்

அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை அக்கா, ரெண்டிலயும் நடக்கும். "வைத்திருங்கள்" எங்கட கண்ணுக்கு 7 எழுத்து. ஃபோன் புள்ளி, கொம்பு எல்லாத்தையும் தனித்தனியா எண்ணி 13 எண்டும். ரெண்டா உடைஞ்சா ஒரு துண்டுக்கு 67 தான். கடைப் பேரை முன்னுக்குப் போட்டு, "காசு 2,450 ரெடியா?" எண்டு சுருக்குங்கோ.

மூதூர் அபாயா

தம்பி, அது இன்னும் மோசமான கப்பம் மாதிரி இரிக்கே.