கல்யாணத்துக்கு முன்னால் நரைக்குச் சாயம்: வீட்டிலா, பார்லரிலா?

ரங்கூன் தையல்காரி:

எல்லாருக்கும் வணக்கம். ரங்கூனில் காளி கோயிலுக்கு நாலு தெரு தள்ளி ரவிக்கை தைக்கிறேன். (அனோரதா ரோடு. எங்கம்மா கடைசி வரை அதைப் பிரேசர் தெரு என்றுதான் சொன்னாள்.) வயசு 49. தை மாசம் மகளுக்குக் கல்யாணம். கேள்வி கல்யாணத்தைப் பற்றி இல்லை, என் தலையைப் பற்றி.

முப்பத்தேழு வயசில் முதல் நரையைப் பார்த்தேன். அன்றிலிருந்து மாசம் ஒரு ஞாயிறு, நாலாம் மாடிக் குளியலறையில் பழைய கைலியைத் தோளில் போட்டுக்கொண்டு, தேய்ந்துபோன பல் பிரஷ்ஷால் டப்பாக் கறுப்பை அப்பிக்கொள்வேன். வேரிலிருந்து நுனி வரைக்கும். மிச்சம் வைக்க மனசு வராது, காசு கொடுத்து வாங்கியதாச்சே. கரண்டு முறை வைத்து வருவதால் பம்பில் தண்ணீர் ஏறும் நேரம் பார்த்துத்தான் போட ஆரம்பிப்பேன். ஒருதரம் தப்பிப்போய், குடிக்கப் பிடித்துவைத்த தண்ணீரில் தலையை அலசினேன்.

என் கடையில் கறுப்பு நூல்கண்டு மட்டும் நாலு விதம் இருக்கிறது. உள்ளே பார்த்தால் எல்லாம் ஒரே கறுப்பு. வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தால்தான் ஒன்று நீலம் அடிக்கும், ஒன்று பழுப்பு அடிக்கும். போன மாசம் மகள் என் தலையைப் பின்னாலிருந்து வெயிலில் போட்டோ எடுத்துக் காட்டினாள். நுனியில் அடுப்புக் கரி. நடுவில் செம்பட்டை. வகிட்டில் சுண்ணாம்புக் கோடு. ஒரே தலையில் மூன்று பொம்பளை.

"பார்லருக்குப் போம்மா" என்கிறாள். விசாரித்தேன். ஒருமுறைக்கு அவர்கள் கேட்கிற காசுக்கு ஏழெட்டு டப்பா வாங்கலாம். அப்படிக் கொடுத்தால் இந்த மூன்று நிறமும் ஒன்றாகுமா? இல்லை, வீட்டிலேயே வேறு விதமாகப் போட வழி இருக்கிறதா?

இன்னொன்று, பெரிய விஷயமில்லை. கடைசி இரண்டு தடவையும் காதுக்குப் பின்னால் அரிப்பு. போன தடவை மறுநாள் காலையில் கண் இமை கொஞ்சம் உப்பியிருந்தது. தூக்கம் கெட்டதால் இருக்கும்.

மோல்மேன் பார்லர்காரி:

அக்கா, கல்யாணத்தையும் மூணு நிறத்தையும் ஒரு ஓரமா வைங்க. கடைசியில "பெரிய விஷயமில்லை"ன்னு எழுதினீங்க பாருங்க, அதுதான் விஷயம்.

இருபத்திரண்டு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். கறுப்புச் சாயத்துல கறுப்பே கிடையாது. பாரா-ஃபினைலின்டயமைன்னு ஒரு பொருள், சுருக்கமா பிபிடி. ரொம்பச் சின்னது, முடிக்குள்ள சுலபமா நுழைஞ்சிடும். உள்ள போனதும், சாயத்தோட கலக்குற பெராக்சைடுங்கிற திரவத்தோட சேர்ந்து, ஒன்னோட ஒன்னு கைகோத்துப் பெருசாகிக் கறுப்பாகும். பெருசானப்புறம் வெளிய வர முடியாது, அதனாலதான் கழுவினாலும் போறதில்ல. ஆனா கைகோக்கிறதுக்கு முன்னாடி தோல்லயும் நுழையுமில்ல? அங்கதான் வம்பு.

"பன்னிரண்டு வருஷமா ஒன்னும் பண்ணலையே"ன்னுதான் எல்லாரும் கேப்பாங்க. ஒவ்வாமை அப்படித்தான் வரும். பல வருஷம் சும்மா இருந்துட்டு ஒருநாள் உடம்பு அதை எதிரின்னு முடிவு பண்ணிடும். அப்புறம் மறக்காது. போட்ட உடனே தெரியாது, ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சுத்தான் அரிக்கும், வீங்கும். அடுத்த தடவை இன்னும் மோசமாகும். உங்களுக்கு முதல்ல காது, அப்புறம் இமை. மூணாவது தடவை கல்யாண வாரத்துல வந்தா ரெண்டு கண்ணும் திறக்காம மணையில நிப்பீங்க.

அதனால பார்லருக்குப் போனா தப்பிச்சிடலாம்னு நினைக்காதீங்க. எங்க டியூப்லயும் அதேதான் இருக்கு, இல்லன்னா அதோட தங்கச்சி டொலுவின் டையமைன். அக்காவுக்கு அலறுற தோல் நிறைய பேருக்குத் தங்கச்சிக்கும் அலறும். "அம்மோனியா இல்லை"ன்னு பெருசா போட்டிருப்பான், அதையும் நம்பாதீங்க. அம்மோனியா முடியோட செதிலைத் திறக்கிற ஆள், அவ்வளவுதான். அவன் போனா நாத்தம் போகும். பிபிடி எங்கயும் போகாது. "மூலிகை"ன்னு எழுதின பாக்கெட்லயும் அதைப் பார்த்திருக்கேன். பத்து நிமிஷத்துல எந்தப் பொடி முடியைக் கறுப்பாக்கினாலும் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் பூதக்கண்ணாடி வச்சாவது படிங்க.

சாதாரணமா நான் காது பின்னால ஒரு பொட்டு தடவி 48 மணி நேரம் பார்க்கச் சொல்லுவேன். உங்களுக்கு அதுவும் வேண்டாம். ஏற்கெனவே வீங்கினவங்க தொடவே கூடாதுன்னு டப்பாவுக்குள்ள இருக்கிற காகிதத்துலயே இருக்கும். அந்த டப்பாவையும் எடுத்துக்கிட்டுத் தோல் டாக்டரைப் போய்ப் பாருங்க.

அரிப்பு இல்லாத மத்தவங்களுக்காக ஒரு வார்த்தை. மூணு நிறம் வந்தது வீட்டுல போட்டதால இல்ல, நுனி வரைக்கும் போட்டதால. மாசம் முடி வளர்றது ஒரு சென்டிமீட்டர் சொச்சம். சாயம் அந்த ஒரு சென்டிமீட்டருக்குத்தான். மாசாமாசம் நுனியில ஏத்துனா அது அடுக்கடுக்கா ஏறிக் கரியாகும், சொரசொரன்னு உடையும். நரை அடம் பிடிக்கிறது நெத்தியோரமும் காதோரமும், அங்க முதல்ல போடணும், பின்மண்டை கடைசி. ஸ்டீல் கிண்ணம் கூடாது, பிளாஸ்டிக்தான். நரையை மூட 6 சதவீத பெராக்சைடு போதும், 9 வாங்காதீங்க, அது நிறத்தை வெளுக்கிற வேலைக்கு. முந்தின நாள் தலைக்குக் குளிச்சிட்டுப் போட்ற அன்னிக்குக் குளிக்காம இருங்க, தலையில ஊறின எண்ணெய்ப்பசை கொஞ்சம் காப்பாத்தும். இதைத் தெரிஞ்சவங்களுக்கு வேருக்குப் பார்லர் தேவையே இல்ல. நானே சொல்றேன், என் வயித்துல நானே அடிச்சுக்கிறேன். ஏற்கெனவே கரியேறின நுனியை இளக்கணும்னா மட்டும் வாங்க, சாயத்து மேல சாயம் போட்டு எவராலயும் வெளிர வைக்க முடியாது.

பெகு மீசை:

தங்கச்சி எழுதியதைப் படித்ததும் என் மேலுதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பதினைந்து வருஷமாக மீசைக்குப் போடுகிறேன். ஒருதரம் போட்டுக்கொண்டு அப்படியே தூங்கிவிட்டேன். எழுந்தால் மீசைக்குக் கீழே இன்னொரு மீசை, தோலில். நாலு நாள் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு கடைக்குப் போனேன். சளி என்று சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை.

இப்போது முன்கூட்டியே சுற்றிலும் வாசலின் தடவிவிடுகிறேன். தலையை விட்டுவிட்டேன், தலை தானாகவே பிரச்சினையைத் தீர்த்துக்கொண்டது.

ரங்கூன் தையல்காரி:

தங்கச்சி, நீ எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் டப்பாவை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். அந்த அம்மா டப்பாவைத் திருப்பிப் படித்தார், என் காதை மடக்கிப் பார்த்தார். "இனிமேல் வாழ்நாளுக்கும் இது வேண்டாம்" என்றார்.

சாயம் மட்டுமில்லையாம். பல் பிடுங்கும்போது ஈறு மரத்துப்போகத் தடவுகிற சில மருந்துகளும் (பென்சோகைன் என்று எழுதிக் கொடுத்தார்) இதற்குச் சொந்தக்காரர்களாம், பல் டாக்டரிடம் மறக்காமல் சொல்லச் சொன்னார். பிறகு வீட்டில் கல்யாணம் என்றதும், "மருதாணி எந்தக் கோனில் வைக்கப்போகிறீர்கள்?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு மணி நேரத்தில் கறுப்பாகப் பிடிக்கிற "கறுப்பு மருதாணி" கோன் இருக்கிறதே, அதில் இருப்பதும் இதே பிபிடிதானாம். மருதாணி இலைக்குக் கறுக்கத் தெரியாது, சிவக்கத்தான் தெரியும் என்றார். மகளுக்கு ஆறு கோன் வாங்கி வைத்திருந்தேன், எல்லாம் கறுப்பு. குப்பையில் போட்டுவிட்டேன்.

சரி, இப்போது நான் வெள்ளைத் தலையோடு சம்பந்தியைக் கும்பிடுவதா?

மோல்மேன் பார்லர்காரி:

கும்பிடுங்க, வெள்ளைத் தலைக்கு என்ன குறைச்சல்! கோனைத் தூக்கிப் போட்டதுக்குப் பெரிய கும்பிடு. ஐரோப்பாவுல தலைச்சாயம் தலையில படும்போது பிபிடி 2 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாதுன்னு சட்டம். அந்தக் கோன்ல எவ்வளவு கலந்தான்னு கலந்தவனுக்கே தெரியாது.

அவுரிக்காரி:

அக்கா, நான் ஆறு வருஷமா மருதாணியும் அவுரியும்தான் (அவுரின்னா நீலச் சாயம் எடுக்கிற செடி, அதோட இலைப் பொடி). பார்லர் சாயம் மாதிரி வராது, அதை முதல்லயே சொல்லிடறேன். நீலக் கறுப்பு கேட்டா ஏமாந்து போவீங்க. அடர்ந்த பழுப்பு வரும், நரை இருந்த இடம் மட்டும் வெயில்ல லேசா செம்பு அடிக்கும்.

ரெண்டையும் ஒன்னா கலக்குறவங்களும் உண்டு. நரை பாதிக்கு மேல இருந்தா தனித்தனியா போட்டாத்தான் பிடிக்கும். முதல் நாள் மருதாணிப் பொடியைத் தேயிலைத் தண்ணியில தயிர் பதத்துக்குக் குழைச்சு மூடி வச்சிடுங்க. நம்ம ஊர் வெக்கைக்கு நாலஞ்சு மணி நேரத்துல நிறம் விட்டுடும், உள்ளங்கையில ஒரு சொட்டு வச்சுத் துடைச்சா ஆரஞ்சுப் பொட்டு நிக்கணும். தலையில ரெண்டு மூணு மணி நேரம். வெறும் தண்ணியில அலசுங்க. கண்ணாடியைப் பார்த்து அழுவீங்க, நரையெல்லாம் கேரட். அழுதுட்டு அடுத்ததுக்கு வாங்க.

அவுரிக்கு அவசரம் ஜாஸ்தி. வெதுவெதுப்பான தண்ணி, ஒரு சிட்டிகை உப்பு, வேற ஒன்னும் வேண்டாம். எலுமிச்சை கூடவே கூடாது. பத்துப் பதினைஞ்சு நிமிஷத்துல மேலாக நீலம் பூக்கும், அப்பவே தலைக்கு ஏத்திடணும். அரைமணி தாண்டினா அந்தப் பச்சைக் குழம்பால பிரயோஜனம் இல்ல. கரண்டையும் தண்ணியையும் பார்த்துட்டு அப்புறம் அவுரியில கை வைங்க! ஒன்னரை மணி நேரம் வச்சு அலசுங்க. ராத்திரி பாசி பிடிச்ச மாதிரி பச்சையடிக்கும். காத்துப்பட்டு ரெண்டு மூணு நாள்ல தான் நிறத்துக்கு வரும். அதனால கல்யாணத்துக்கு முந்தின நாள் போடாதீங்க, ஒரு வாரமாவது இருக்கணும்.

பொடியைத் தெய்ன்ஜி சந்தையில (எங்க தாத்தாவுக்கு அது சூரத்தி பஜார்) நாட்டு மருந்துக் கடையில கேளுங்க. கலப்படம் இல்லாததான்னு ரெண்டு கடையில விசாரிச்சு வாங்குங்க.

மோல்மேன் பார்லர்காரி:

கடைசி வரியை நான் அடிக்கோடு போடறேன். சில மருதாணிப் பாக்கெட்ல நிறத்துக்காக உலோக உப்பு கலந்திருப்பான். அது முடியில இருக்கும்போது பின்னால யாராவது பெராக்சைடு வச்சா முடி சூடாகும், புகையும், கையோட வரும். வாங்கினதும் முதல்ல உதிர்ந்த முடியில போட்டுப் பாருங்க, தலையில வேண்டாம்.

ரங்கூன் தையல்காரி:

உதிர்ந்த முடிக்கா பஞ்சம்! சீப்பில் வருவதைச் சுருட்டிச் சுருட்டி சவுரிக்கு ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருக்கிறேன். அதிலிருந்து வெள்ளை மட்டும் பொறுக்கி, முப்பது நாற்பது இழை, ஒரு முனையில் நூல் சுற்றிக் கட்டினேன். ஊசிக்கு நூல் கோக்கிற கண் இதற்காவது உதவியது. மருதாணியில் போட்டு எடுத்தால் அவுரிக்காரி சொன்ன கேரட். அவுரிக்குப் பிறகு ராத்திரி பச்சை. ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டுப் படுத்தேன். மறுநாள் சாக்கடை நிறம். மூன்றாம் நாள் காலையில் வாசலுக்குக் கொண்டுபோய் நூல்கண்டுகளோடு வைத்துப் பார்த்தேன். என் நாலு கறுப்பில் எதோடும் சேரவில்லை. அடுத்த தட்டில் இருக்கிற காப்பிக்கொட்டைப் பழுப்போடு அப்படியே ஒட்டிக்கொண்டது.

போன ஞாயிறு தலைக்கும் போட்டாயிற்று. கரிபிடித்த நுனியை நாலு விரல் வெட்டச் சொன்னேன், மகள்தான் வெட்டினாள், என் துணி கத்தரிக்கோலைத் தொட விடவில்லை. அரிப்பு இல்லை. இமை இமையாக இருக்கிறது. முழுதும் ஆறு மணி நேரம் பிடித்தது, நடுவில் இரண்டு ரவிக்கைக்குக் கொக்கி வைத்தேன்.

ஒரு சந்தேகம் மட்டும். திஞ்சான் (பர்மாவின் தண்ணீர்த் திருவிழா) முடிந்து வருஷப் பிறப்பன்று தயோ மரப்பட்டையும் கின்பூன் காயும் போட்ட தண்ணீரில் தலை அலசாமல் இருக்க மாட்டேன், பக்கத்து வீட்டு பர்மாக்கார அக்கா எனக்கும் ஒரு பை சேர்த்து வாங்கி வந்துவிடுவாள். அது இந்த நிறத்தை இறக்கிவிடுமா?

அவுரிக்காரி:

அக்கா, கின்பூன்னா நம்ம சீயக்காய்தானே! நான் வருஷா வருஷம் அலசறேன், ஒன்னும் ஆனதில்ல. சாயம் போட்டு முதல் ரெண்டு மூணு நாள் மட்டும் வெறும் தண்ணி. அப்புறம் தாராளமா அலசுங்க. துவட்டறதுக்கு வெள்ளைத் துண்டு மட்டும் எடுத்துடாதீங்க.