கற்பித்தலுக்கு விருது என்றால், எதைப் பார்த்துக் கொடுப்பது?

சமாதானபுரத்தான் கேட்டது:

பாளையங்கோட்டையில் உள்ள தன்னாட்சிக் கல்லூரி ஒன்றில் துறைத் தலைவராகப் பணிபுரிகிறேன். வருகிற செப்டம்பர் 5 ஆசிரியர் தின விழாவிலிருந்து, கற்பித்தலில் சிறந்து விளங்கும் பேராசிரியர் ஒருவருக்கு ஆண்டுதோறும் விருதும் பணமுடிப்பும் வழங்குவதென எங்கள் நிர்வாகம் தீர்மானித்து, தேர்வு விதிகளை எழுதித் தரும் வேலையை மூவர் குழுவிடம் ஒப்படைத்திருக்கிறது. அந்த மூவரில் நானும் ஒருவன். இதுவரை பணிமூப்பைப் பார்த்துப் பொன்னாடை போர்த்துவதோடு நிறுத்திக்கொண்டோம். அதில் யாருக்கும் மனத்தாங்கல் இருந்ததில்லை, பெரிய மகிழ்ச்சியும் இருந்ததில்லை.

பள்ளி ஆசிரியர்களுக்கு மாநில அரசின் டாக்டர் இராதாகிருஷ்ணன் விருது உண்டு. தேசிய நல்லாசிரியர் விருது 1958 முதல் இருந்தாலும், கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் கற்பிப்போருக்கு அதில் 2023-இல்தான் தனி இடம் கிடைத்தது. ஆகவே எங்களைப் போன்ற கல்லூரிகள் எடுத்துக் கையாளத்தக்க பழைய முன்மாதிரி எதுவும் எளிதில் அகப்படவில்லை.

குழுவில் இப்போது மூன்று யோசனைகள் இருக்கின்றன: தேர்ச்சி விழுக்காடு, பருவத் தேர்வுக்கு முன் மாணவர்கள் இணையத்தில் நிரப்பும் மதிப்பீட்டுப் படிவம், வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கை. மூன்றும் எனக்கு உவப்பாக இல்லை. அகமதிப்பீட்டு மதிப்பெண்ணைத் தாமே போடும் ஆசிரியரைத் தேர்ச்சி விழுக்காட்டால் அளப்பது எப்படிச் சரியாகும்? வணிகப் புள்ளியியல் நடத்துபவரையும், யாரும் அரியர் வைக்காத தாளை நடத்துபவரையும் ஒரே வரிசையில் நிறுத்தலாமா? சுயநிதிப் பிரிவு ஆசிரியர்களைச் சேர்ப்பதா என்பதிலும் குழு இரண்டுபட்டுக் கிடக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

குற்றாலச் சாரல் எழுதியது:

கணிதத் துறையிலிருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். ஆய்வுக் கட்டுரையை முதலில் தள்ளிவிடுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையிலேயே அறிவியல் துறையில் கட்டுரை ஒன்றுக்கு 8 புள்ளியும் கலைத்துறையில் 10 புள்ளியும் கிடைக்கின்றன. ஆய்வுக்கு வேண்டிய மரியாதை அங்கே கிடைத்துவிடுகிறது. அதே ஒழுங்குமுறை கற்பித்தலை எப்படி அளக்கிறது என்று பாருங்கள்: ஒதுக்கிய வகுப்புகளில் 80 விழுக்காடும் அதற்கு மேலும் எடுத்தவர் நன்று, 70 முதல் 80-க்குள் எடுத்தவர் திருப்திகரம், அதற்கும் குறைந்தால் திருப்தியில்லை. ஆசிரியர் வகுப்புக்குப் போனாரா என்பதை இந்த அளவு காட்டும். போய் என்ன செய்தார் என்பதைக் காட்டாது. உங்கள் விருது நிரப்ப வேண்டிய இடம் இதுதான்.

தேர்ச்சி விழுக்காட்டையும் மாணவர் படிவத்தையும் பற்றி அமெரிக்க விமானப்படை அகாதெமியில் நடந்த ஓர் ஆய்வு 2010-இல் வெளிவந்தது. அங்கே மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரிவுகளில் சேர்க்கிறார்கள். யார் பாடம் நடத்தினாலும் எல்லாப் பிரிவுகளுக்கும் தேர்வு ஒன்றுதான். எனவே நல்ல மாணவர்கள் நல்ல ஆசிரியரிடம் போய்ச் சேர்ந்தார்கள் என்று சாக்குச் சொல்ல வழியில்லை. அந்தப் பருவத்தில் அதிக மதிப்பெண் வாங்கித் தந்த ஆசிரியர்களே மாணவர் மதிப்பீட்டிலும் உயர்ந்து நின்றார்கள். ஆனால் அவர்களிடம் படித்தவர்கள் அடுத்த நிலைக் கணிதத்தில் ஒப்பீட்டளவில் பின்தங்கினார்கள். அனுபவம் மிகுந்த ஆசிரியர்களிடம் படித்தவர்களோ முதல் தாளில் சற்றுக் குறைவாக வாங்கினாலும் அடுத்த தாள்களில் முந்தினார்கள். தேர்வுக்காக நடத்துவதும் பாடத்துக்காக நடத்துவதும் வேறு வேறு என்று நம் ஆசிரியர் அறைகளில் காலங்காலமாகப் பேசுவதற்கு எண்களில் கிடைத்த சான்றாகவே இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் கல்லூரியில் இதைச் சிறிய அளவில் செய்து பார்க்கலாம். முதல் பருவத்தில் நுண்கணிதம் நடத்தியவரின் மாணவர்கள், வேறொருவர் நடத்தும் வகைக்கெழுச் சமன்பாடுகளில் எப்படி எழுதுகிறார்கள் என்று மூன்றாண்டுத் தரவைப் பாருங்கள். உங்கள் வணிகவியலில் முதலாண்டு நிதிக் கணக்கியலுக்கும் பின்னால் வரும் நிறுமக் கணக்கியலுக்கும் இப்படி முடிச்சுப் போடலாம். மொழித்துறைகளில் இது அவ்வளவாகச் செல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதோடு வகுப்பறைப் பார்வையும் வேண்டும். பார்வையாளர் உங்கள் கல்லூரியைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. இருந்தால் அடுத்த நாள் தேநீர் வேளையில் சங்கடம்தான். தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பெருமை பேசிக்கொள்ளும் ஊரில் பக்கத்துக் கல்லூரியிலிருந்து ஒரு மூத்த பேராசிரியர் கிடைக்காமலா போய்விடுவார்?

வண்ணார்பேட்டைக்காரி எழுதியது:

ஆசிரியப் பணியில் இல்லாதவள், படித்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். படிவத்தை அடியோடு ஒதுக்கிவிட வேண்டாம் ஐயா; கேள்விகளையும் கேட்கும் காலத்தையும் மாற்றினால் போதும். “ஆசிரியர் நன்றாக நடத்துகிறாரா” என்று பருவத்தின் நடுவில் கேட்டால், யாரைப் பிடிக்கும் என்றுதான் விடை வரும். வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் முடிவு செய்ய, மற்றவர்கள் அப்படியே நிரப்புவதும் நடக்கிறது. “திருத்திய விடைத்தாள் எத்தனை நாளில் கைக்கு வந்தது, தவறு எங்கே என்று அதில் எழுதியிருந்ததா, பாடத்திட்டத்தில் விட்டுப்போன அலகு எது” என்று கேட்டுப் பாருங்கள். இவற்றுக்கு மாணவரைவிடச் சரியாகப் பதில் சொல்ல வேறு யாராலும் முடியாது.

ஹார்வர்டில் இயற்பியல் வகுப்புகளை வைத்து 2019-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றும் இங்கே பொருந்தும். தாங்களே கணக்கைப் போட்டுப் பார்க்க வைத்த வகுப்பில் மாணவர்கள் அதிகம் கற்றிருந்தும் குறைவாகக் கற்றதாகவே எண்ணினார்கள். சரளமான விரிவுரையைக் கேட்டவர்களோ தாங்கள் கற்றது அதிகம் என்று நம்பினார்கள். எங்கள் வகுப்பிலும் இதுவே நடந்தது. தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலவழிப் பட்டப்படிப்பில் சேர்ந்த எங்களில் பலருக்கு, குறிப்பைச் சொல்லச் சொல்ல எழுதவைத்த ஆசிரியரே அன்றைக்குத் தெய்வமாகத் தெரிந்தார். பாடத்தை முதலில் தமிழில் விளக்கி, பிறகு ஒவ்வொருவரையும் எழுப்பி ஆங்கிலத்தில் சொல்லவைத்த பேராசிரியை ஒருவரைக் கண்டு நடுங்கினோம். வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போனபோதுதான் யாரிடம் என்ன கற்றோம் என்பது விளங்கியது. எனவே படித்து முடித்து மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆனவர்களிடம் கேளுங்கள். ஆசிரியரின் பெயர்ப் பட்டியலைக் காட்டாமல், நினைவில் நிற்பவர் யார், எதனால் என்று மட்டும் கேளுங்கள்.

களக்காட்டு விரிவுரையாளர் எழுதியது:

சுயநிதிப் பிரிவைச் சேர்ப்பதா என்று ஒரு குழு இரண்டுபடுவதே எனக்கு வியப்பாக இருக்கிறது. பல கல்லூரிகளில் முதலாண்டு வகுப்புகளையும் துணைப்பாட வகுப்புகளையும் பெரும்பாலும் தாங்கி நிற்பவர்கள் சுயநிதிப் பிரிவு ஆசிரியர்களும் கௌரவ விரிவுரையாளர்களுமே. மேலே சகோதரி சொன்ன தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குத் தாண்டும் வேலை நடப்பது அந்த வகுப்புகளில்தான். கௌரவ விரிவுரையாளருக்கு வகுப்பு ஒன்றுக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 ரூபாய் வரை தரலாம் என்று மானியக் குழு 2019-இல் சொன்னது. என்னைப் போன்றோர் பலரின் கைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை என்பது வேறு கதை. கற்பித்தலுக்கென்று ஒரு விருதை ஏற்படுத்திவிட்டு, மிகுதியாகக் கற்பிப்பவர்களை வாசலில் நிறுத்தினால், அதற்குப் பணிமூப்புப் பொன்னாடையே மேல்.

பதவியை வைத்து ஆசிரியரை எடைபோட முடியாது என்பதற்கு நம் மண்ணிலேயே ஆள் இருந்திருக்கிறார். நாங்குநேரியில் பிறந்த நா. வானமாமலை (1917–1980) பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தி வாழ்ந்தவர். நெல்லை ஆய்வுக் குழுவில் அவரோடு அமர்ந்து கட்டுரை படித்து, கேள்விகளுக்கு முகம் கொடுத்துப் பழகியவர்கள்தாம் பின்னாளில் நாட்டார் வழக்காற்றியலிலும் சமூக வரலாற்றிலும் பெயர் சொல்லும்படி எழுதினார்கள். உங்கள் விதிகளின்படி அவர் விண்ணப்பிக்கவே முடியாது என்றால், விதியைத்தான் திருத்த வேண்டும்.

சமாதானபுரத்தான் எழுதியது:

மூவருக்கும் நன்றி. அடுத்த தாளின் மதிப்பெண், வெளிக்கல்லூரிப் பார்வையாளர், பழைய மாணவர் கருத்து ஆகிய மூன்றையும் வரைவில் சேர்த்துவிட்டேன். சுயநிதிப் பிரிவினரையும் கௌரவ விரிவுரையாளர்களையும் சேர்க்க வேண்டும் என்று எழுத்தில் கொடுக்கப் போகிறேன். நிர்வாகம் என்ன சொல்லும் என்பது கூட்டத்தில் தெரியும். இன்னும் ஓர் ஐயம் இருக்கிறது. நன்றாக நடத்துபவர்கள் தம்மைத் தாமே முன்மொழிந்து விண்ணப்பிக்க மாட்டார்கள். கோப்புத் தயாரிப்பதில் கெட்டிக்காரர்கள் முந்திக்கொள்வார்கள். இதை எப்படிச் சமாளிப்பது?

குற்றாலச் சாரல் எழுதியது:

விண்ணப்பமே வேண்டாம். துறைச் சகாக்கள் இருவரோ பழைய மாணவர்கள் ஐவரோ முன்மொழியட்டும். முன்மொழியப்பட்டவரிடம் புதிதாக எதையும் எழுதி வாங்காதீர்கள்; மேசையில் ஏற்கெனவே இருப்பதை மட்டும் கேளுங்கள். கடைசியாக அவர் எடுத்த வினாத்தாள் ஒன்று, பாடக்குறிப்பு ஒன்று, ஒரே தேர்வில் அவர் திருத்திய விடைத்தாள்கள் மூன்று, அதாவது முதல் மதிப்பெண், நடுவில் நின்றது, கடைசி மதிப்பெண். வினாத்தாளில் மனப்பாடத்துக்கு வெளியே ஒரு கேள்வியாவது இருக்கிறதா என்று பாருங்கள். கடைசி மதிப்பெண் வாங்கிய தாளில் சிவப்பு மையால் வெறும் கோடு மட்டும் இழுத்திருக்கிறாரா, அந்தப் பிள்ளைக்கு ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். குழுவின் பார்வைக்குப் போகும் முன் மாணவர் பெயரையும் பதிவெண்ணையும் மறைத்துவிடச் சொல்ல மறக்க வேண்டாம்.