ஃபார்மேட் செய்த பிறகும் ப்ளூ ஸ்கிரீன்: ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எரர்

கோடைமழை (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. வீட்டு டெஸ்க்டாப்பில் மூன்று வாரமாக ப்ளூ ஸ்கிரீன் (விண்டோஸ் திடீரென்று நின்று எரர் காட்டும் நீலத் திரை) வந்துகொண்டே இருக்கிறது. நாளுக்கு ஒரு தடவை, சில நாள் மூன்று தடவை. கேம் ஆடும்போதுதான் என்றில்லை, எக்செல் மட்டும் திறந்திருந்தாலும் வருகிறது. இரவில் ஆன் செய்தபடி விட்டால் காலையில் தானாக ரீஸ்டார்ட் ஆகி லாகின் திரையில் நிற்கிறது.

கான்ஃபிக்: ரைசன் 5 3600, நான்கு ரேம் ஸ்லாட் உள்ள பி450 போர்டு, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டு, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (கரன்ட் சப்ளை பெட்டி), விண்டோஸ் 11. முதலில் 8 ஜிபி ரேம் ஒன்று இருந்தது, டிடிஆர்4 3200. போன மாதம் இன்னொரு 8 ஜிபி வாங்கிப் பழையதற்குப் பக்கத்து ஸ்லாட்டில் போட்டேன். அதுவும் 3200தான், கம்பெனி மட்டும் வேறு. பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமைப் பெட்டியில் போட்ட வேகத்துக்கு ஏற்றும் செட்டிங்) ஆனில் இருக்கிறது.

திரையில் வந்தவற்றில் குறித்து வைத்தவை: மெமரி மேனேஜ்மென்ட், ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல், பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா, கெர்னல் செக்யூரிட்டி செக் ஃபெயிலியர்.

விண்டோஸை ஃபார்மேட் செய்து புதிதாகப் போட்டாயிற்று. அதுவே முதல் தடவை பாதியில் ஃபைல் கரப்ட் என்று நின்று, இரண்டாம் தடவைதான் முடிந்தது. கிராஃபிக்ஸ் டிரைவரும் புதியது. விண்டோஸோடு வரும் மெமரி டயக்னாஸ்டிக் கோளாறு இல்லை என்கிறது. சர்வீஸ் கடையில் மதர்போர்டை மாற்றச் சொல்கிறார்கள். அந்தச் செலவுக்கு முன் நானே பார்க்கக்கூடியது என்னென்ன?

டம்ப்வாசகன்

போர்டை மாத்தாதீங்க. முதல்ல டம்ப் ஃபைலைப் பாருங்க. ஒவ்வொரு ப்ளூ ஸ்கிரீனுக்கும் விண்டோஸ் ஒரு சின்ன ஃபைலை எழுதி வைக்கும். சி டிரைவ்ல விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள மினிடம்ப்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுல தேதியோட பேர் வச்சிருக்கும்.

அந்த ஃபோல்டரே இல்லைன்னா இதைச் செய்யுங்க. சர்ச்ல அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்னு அடிச்சு, ஸ்டார்ட்அப் அண்டு ரெகவரிக்குள்ள போங்க. ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்ல இருக்கற டிக்கை எடுத்துடுங்க, திரை அப்படியே நிக்கும், படிக்க நேரம் கிடைக்கும். டம்ப் வகையை ஸ்மால் மெமரி டம்ப்னு மாத்துங்க. பேஜ் ஃபைல் (ரேமுக்குத் துணையா டிஸ்க்ல விண்டோஸ் வச்சிருக்கற ஃபைல்) சி டிரைவ்ல இருக்கணும், அதை ஆஃப் பண்ணியிருந்தா டம்ப் எழுதாமப் போயிடும். டிஸ்க் கிளீனர் எதையும் ஓட்டாதீங்க, அது முதல்ல அழிக்கறதே இந்த ஃபைல்களைத்தான்.

டம்ப் ஃபைலைப் படிக்கற விண்டிபிஜிங்கற டூல் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்ல இலவசமாக் கிடைக்கும். டம்ப் ஃபைலை டெஸ்க்டாப்புக்கு காப்பி பண்ணிட்டுத் திறங்க, விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள இருந்தபடியே திறந்தா பெர்மிஷன் இல்லைங்கும். கீழ கமாண்ட் பெட்டியில ஆச்சரியக்குறி போட்டு, இடைவெளி விடாம அனலைஸ்னு அடிச்சு, ஒரு ஸ்பேஸ் விட்டு, மைனஸ் வி கொடுங்க. முதல் தடவை சிம்பல் (விண்டோஸ் கோடைப் படிக்க உதவற பேர்ப் பட்டியல்) இறங்கணும், நெட் வேணும், கொஞ்ச நேரம் ஆகும். அதுல மாட்யூல் நேம், இமேஜ் நேம், ஃபெயிலியர் பக்கெட் ஐடி இந்த மூணு வரியை எழுதிக்குங்க. ஒரு டம்ப் போதாது, அஞ்சு ஆறு பாருங்க.

ஒண்ணு கவனிக்கணும். விண்டோஸோட மையப் பகுதியான கெர்னல் ஃபைல் பேர், அதாவது என்டிஓஎஸ்கெர்னல் வந்தா அதைக் குற்றவாளின்னு நினைக்காதீங்க. விழுந்த இடம் அது, தள்ளிவிட்டது வேற ஏதோ. ப்ளூ ஸ்கிரீன் வியூ மாதிரி சின்ன டூல்கள் இந்தப் பேரைத்தான் எடுத்துக் காட்டும், பலபேர் அதை நம்பி விண்டோஸையே திரும்பத் திரும்பப் போட்டுக்கிட்டு இருப்பாங்க.

விண்டோஸ் 11 24எச்2-ல 2025 அப்டேட்டுக்கு அப்புறம் இந்தத் திரை கறுப்பாத்தான் வரும். நிறம்தான் மாறியிருக்கு, திரையில வர ஸ்டாப் கோடு, அதாவது எரர் பேரெல்லாம் அதேதான்.

எர்த்துக்கம்பி

டிரைவராகவும் இருக்கலாம். டிரைவர் வெரிஃபையர் ஆன் செய்து பாருங்கள், கெட்ட டிரைவர் எதுவென்று அதுவே பிடித்துக் கொடுத்துவிடும். எஸ்எம்பிஎஸ் 450 வாட் என்கிறீர்கள், அதையும் சந்தேகப்படலாம். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் எஸ்எஸ்டி ஹெல்த் எத்தனை சதவீதம், மீடியா எரர் பூஜ்யமா என்றும் பாருங்கள்.

டம்ப்வாசகன்

எஸ்எஸ்டி பார்க்கறது சரி, ஒரு நிமிஷ வேலை. வெரிஃபையர் இப்ப வேண்டாம். அது டிரைவர்களை வேணும்னே கசக்கிப் பிழியற டூல். ரேம் கோளாறு இருக்கற மெஷின்ல அதை ஆன் பண்ணா பூட் ஆகும்போதே விழுந்து, திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகி மாட்டிக்கலாம். அப்ப சேஃப் மோடுல போய் வெரிஃபையர் ரீசெட் கமாண்ட் கொடுத்துத்தான் வெளிய வரணும். ரேம் சுத்தம்னு உறுதியான பிறகும் கிராஷ் நிக்கலைன்னா மட்டும் அதைத் தொடலாம், அப்பவும் மைக்ரோசாஃப்ட் அல்லாத டிரைவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து.

எஸ்எம்பிஎஸ் கெட்டுப்போனா பெரும்பாலும் ப்ளூ ஸ்கிரீனே வராது, திரை சட்டுனு அணைஞ்சு மெஷின் ரீஸ்டார்ட் ஆகும். ஈவென்ட் வியூவர்ல கெர்னல் பவர் 41-ங்கற பதிவைத் திறந்து டீடெயில்ஸ்ல பக்செக் கோடு (ப்ளூ ஸ்கிரீன் எரரோட எண்) எத்தனைன்னு பாருங்க. பூஜ்யம்னா பெரும்பாலும் கரன்ட் பக்கம் பிரச்சினை. வேற எண் இருந்தா விண்டோஸே கிராஷைப் பிடிச்சிருக்குன்னு அர்த்தம். பல பேர் 41-ங்கற எண்ணைப் பார்த்ததுமே எஸ்எம்பிஎஸ் வாங்க ஓடறாங்க. "சரியா ஷட்டவுன் ஆகலை"ங்கறதைத் தவிர அந்த எண் எதுவும் சொல்றதில்லை.

சிபியூவோ அதுக்குப் போற வோல்டேஜோ கெட்டிருந்தா பெரும்பாலும் ஹியா (WHEA) அன்கரெக்டபிள் எரர் வந்திருக்கும். கிராஃபிக்ஸ் கார்டுன்னா பெரும்பாலும் வீடியோ டிடிஆர் (TDR, ரேமோட டிடிஆர் இல்ல) ஃபெயிலியர். இவர் லிஸ்ட்ல ரெண்டும் இல்லை.

கோடைமழை

எஸ்எஸ்டி ஹெல்த் 96, மீடியா எரர் 0. கெர்னல் பவர் 41-இல் பக்செக் கோடு 26, 10, 80 என்று மாறி மாறி இருக்கிறது.

ஆறு டம்ப் பார்த்தேன். மூன்றில் கெர்னல் பெயர், ஒன்றில் நெட்வொர்க் டிரைவர். மீதி இரண்டில் மாட்யூல் நேம் என்ற இடத்திலேயே மெமரி கரப்ஷன் என்று இருக்கிறது. ஃபெயிலியர் பக்கெட்டில் மெமரி கரப்ஷன் ஒன் பிட்.

பிட்டும்பைட்டும்

அந்தக் கடைசி வரிதான் விடை. விண்டிபிஜி என்ன செய்கிறதென்றால், கிராஷ் ஆன நேரத்தில் ரேமில் இருந்த விண்டோஸ் புரோகிராமை, மைக்ரோசாஃப்ட் சர்வரில் இருக்கும் அசல் ஃபைலோடு பைட் பைட்டாக ஒப்பிடுகிறது. ஹெக்ஸ் எண்ணில் 48 இருக்க வேண்டிய பைட்டில் 40 இருந்தால் ஒரே ஒரு பிட் மாறியிருக்கிறது. மோசமான டிரைவர் மெமரியில் தவறான இடத்தில் எழுதினால் சேர்ந்தாற்போல் நாலு, எட்டு பைட் நாசமாகும். ஒற்றை பிட் மட்டும் புரண்டிருந்தால் அநேகமாக ஹார்டுவேர்தான்.

எரர் ஒவ்வொரு தடவையும் மாறுவதற்கும் இதுதான் காரணம். ரேமில் தப்பாகப் படிக்கப்படும் இடத்தில் இன்று நெட்வொர்க் டிரைவர் உட்கார்ந்திருக்கும், நாளை பேஜ் டேபிள், மறுநாள் குரோம். யார் அங்கே உட்காருகிறாரோ அவர் பெயரில் கிராஷ். ஃபார்மேட் பாதியில் நின்றதும் இதனால்தான். இன்ஸ்டால் ஃபைலை ரேமில் விரிக்கும்போது பிட் மாறினால் செக்சம் (ஃபைல் சரியா என்று பார்க்கும் எண்) ஒத்துப்போகாது.

இப்போது சிபியூ-இசட் என்ற டூலைத் திறந்து ரேம் விவரம் காட்டும் எஸ்பிடி டேபில் ஒவ்வொரு ஸ்லாட்டாகப் பாருங்கள். ஒவ்வொரு ரேமுக்கும் எக்ஸ்எம்பி என்ற நெடுவரிசை இருக்கிறதா, கீழே டைமிங் (ரேம் பதில் தர எடுக்கும் கிளாக் எண்ணிக்கை), வோல்டேஜ் என்ன என்று எழுதுங்கள். அதில் வேகம் பாதியாகத்தான் காட்டும், 3200-க்கு 1600 என்று. குழம்ப வேண்டாம்.

கோடைமழை

பழையது: எக்ஸ்எம்பி 3200, டைமிங் 16-18-18-38, 1.35 வோல்ட். எக்ஸ்எம்பி இல்லாத நெடுவரிசைகளில் அதிகபட்சம் 1333, 1.2 வோல்ட்.
புதியது: எக்ஸ்எம்பி நெடுவரிசையே இல்லை. 1600, 22-22-22-52, 1.2 வோல்ட்.

பிட்டும்பைட்டும்

நினைத்தது சரி. 3200 என்று பெட்டியில் போட்டு இரண்டு ஜாதி விற்கிறார்கள். ஒன்று 1.2 வோல்ட்டில், சிஎல் (டைமிங்கின் முதல் எண்) 22-இல், ஜெடெக் என்ற தர அமைப்பின் கணக்குப்படி 3200 ஓடும் சாதா ரேம். இன்னொன்று அடிப்படையில் 2666, எக்ஸ்எம்பி ஆன் செய்தால் 1.35 வோல்ட்டில் சிஎல் 16-இல் 3200-க்கு ஏறும். உங்களிடம் இரண்டிலும் ஒவ்வொன்று. நீங்கள் எக்ஸ்எம்பி ஆன் செய்ததும் போர்டு பழைய ரேமின் புரொஃபைலைப் படித்து அந்த 16-18-18-38-ஐ இரண்டின் மேலும் ஏற்றிவிட்டது. 22 கிளாக் அவகாசம் கேட்கும் சிப்பிடம் 16-இல் பதில் கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடும், எப்போதாவது தவறும். அந்த எப்போதாவதுதான் உங்கள் ப்ளூ ஸ்கிரீன்.

இரண்டாவது தப்பு ஸ்லாட். நான்கு ஸ்லாட் போர்டில் பெரும்பாலும் முதல் இரண்டு ஸ்லாட் ஒரு சேனல் (சிபியூவுக்குப் போகும் பாதை), கடைசி இரண்டு இன்னொரு சேனல். இரண்டு ரேமும் ஒரே சேனலில் தொங்கினால் சிக்னல் மோசமாகும், டூயல் சேனல் வேகமும் கிடைக்காது. சிபியூவிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போட வேண்டும். போர்டில் ஏ2, பி2 என்று சின்னதாக அச்சிட்டிருக்கும், மேனுவலிலும் பாருங்கள்.

மாற்றும் முறை: சுவிட்சை அணைத்து கரன்ட் ஒயரைப் பிடுங்குங்கள். பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி மிச்சக் கரன்ட்டை இறக்குங்கள். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுவிட்டு ரேமைத் தொடுங்கள். தங்க நிறப் பற்களில் மங்கல் இருந்தால் வெள்ளை ரப்பரால் லேசாகத் தேய்த்து, துகளை பிரஷ்ஷால் தட்டிவிட்டுப் போடுங்கள். கிளிப் டக்கென்று தானாக மூட வேண்டும், நீங்கள் மடக்கி மூடக் கூடாது. முதல் பூட்டில் ஒன்றிரண்டு நிமிடம் திரை வராமல் இருக்கலாம், போர்டு ரேமைப் பழகிக்கொள்கிறது, பயந்து அணைக்காதீர்கள். அதற்குப் பிறகும் வராவிட்டால் மறுபடி ஒயரைப் பிடுங்கி, சிஆர்2032 பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி வைத்துப் போடுங்கள்.

இதையெல்லாம் தொடுமுன் செட்டிங்ஸில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் டிவைஸ் என்கிரிப்ஷன் ஆனில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பிட்லாக்கர் ரெகவரி கீயை மைக்ரோசாஃப்ட் கணக்கில் எடுத்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பயாஸ் ரீசெட் ஆன பிறகு 48 இலக்கம் கேட்டு நின்றால் வேறு வழி இல்லை.

பிறகு சோதனை. மெம்டெஸ்ட்86-ஐ பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்யுங்கள். இலவசப் பதிப்பு நாலு பாஸ் (முழுச் சுற்று) ஓடும், 16 ஜிபிக்கு ஒரு இரவு விடுங்கள். விண்டோஸின் டயக்னாஸ்டிக் மேலோட்டமானது, அது சரி என்றதை வைத்து ரேமை விடுவிக்காதீர்கள். நாலு விதமாக ஓட்டுங்கள்: பழையது மட்டும் எக்ஸ்எம்பியோடு, புதியது மட்டும், இரண்டும் எக்ஸ்எம்பியோடு, இரண்டும் எக்ஸ்எம்பி இல்லாமல். ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரே ஒரு எரர் வந்தாலும் ஃபெயில்தான், "ரெண்டுதானே வந்தது" என்று விடக் கூடாது. பதின்மூன்றாவது டெஸ்டான ஹேமர் டெஸ்டில் மட்டும் வந்தால் அது வேறு சங்கதி, அன்றாட கிராஷுக்கு அது காரணமாக இருப்பது அபூர்வம்.

கோடைமழை

ஐந்து இரவு ஆயிற்று.
பழையது மட்டும், எக்ஸ்எம்பியோடு: 4 பாஸ், எரர் 0.
புதியது மட்டும்: 4 பாஸ், 0.
இரண்டும் 2, 4 ஸ்லாட்டில், எக்ஸ்எம்பியோடு: முதல் பாஸ் ஏழாவது டெஸ்டிலேயே 41 எரர்.
இரண்டும் அதே ஸ்லாட்டில், எக்ஸ்எம்பி ஆஃப்: 2666-இல் ஓடுகிறது, 4 பாஸ், 0.

இப்படியே வைத்துக்கொள்ளட்டுமா? ஃபார்மேட் இன்னொரு தடவை வேண்டுமா?

பிட்டும்பைட்டும்

அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ரேமும் நல்லவை, வாரன்டிக்குக் கொண்டுபோனால் சரியாக இருக்கிறது என்று திருப்பித் தந்துவிடுவார்கள். டூயல் சேனலில் 2666 என்பது, இதுவரை ஒரே சேனலில் 3200 ஓடியதைவிட மேல். 3200 வேண்டுமென்றே இருந்தால் எக்ஸ்எம்பியைத் தொடாமல் கையால் 3200, 22-22-22-52 போட்டு மறுபடி ஓர் இரவு மெம்டெஸ்ட் ஓட்டிப் பாருங்கள், எரர் வந்தால் 2933-க்கு இறங்குங்கள். பின்னால் எப்போதாவது வாங்கினால் ஒரே பெட்டியில் இரண்டாக வரும் கிட் வாங்குங்கள்.

பயாஸ் அப்டேட் செய்யும் எண்ணம் இருந்தால் எக்ஸ்எம்பி ஆஃபிலேயே செய்யுங்கள். பிட் புரளும் ரேமில் ஃப்ளாஷ் செய்தால் போர்டே போய்விடலாம், அப்போதுதான் கடைக்காரர் சொன்ன மதர்போர்டு செலவு நிஜமாகும்.

டம்ப்வாசகன்

ஃபார்மேட் உடனே வேண்டாம். அட்மின் கமாண்ட் ப்ராம்ப்ட்ல முதல்ல டிஐஎஸ்எம்-இன் ரெஸ்டோர் ஹெல்த் ஓட்டுங்க, அது முடிஞ்ச பிறகு விண்டோஸ் ஃபைல்களைச் சரிபார்க்கற எஸ்எஃப்சி ஸ்கேன் நவ். இந்த வரிசைதான், ஏன்னா எஸ்எஃப்சி எந்த மூலத்துல இருந்து ஃபைலை எடுக்குதோ அதை டிஐஎஸ்எம் சரிபண்ணும். எஸ்எஃப்சி ரெண்டாம் தடவையும் சரிபண்ண முடியலைன்னா அப்ப ஃபார்மேட். ரேம் தப்பா ஓடிக்கிட்டிருந்தப்ப போட்ட விண்டோஸ் இது, உள்ள ஏதாவது புரண்டிருக்கலாம்.

அதைவிட முக்கியம் உங்க ஃபைல்கள். ஃபார்மேட்டுக்கு முன்னாடி போட்டோ, டாக்குமென்ட் எல்லாம் வெளி ஹார்டு டிஸ்க்குக்கு காப்பி பண்ணியிருப்பீங்க. அந்தக் காப்பி இந்த ரேம் வழியாத்தான் போயிருக்கு. வேற எங்கயாவது பழைய காப்பி இருந்தா, போன்லயோ கிளவுட்லயோ, அதை அழிக்காதீங்க. செர்ட்யூடில் கமாண்ட்ல ஹாஷ்ஃபைல் போட்டு ரெண்டு காப்பியோட எஸ்எச்ஏ256 ஹாஷையும் (ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு எண்) ஒப்பிட்டுப் பாருங்க. அளவும் தேதியும் ஒண்ணா இருந்து ஹாஷ் மட்டும் வேறன்னா அந்தக் காப்பி புரண்டது. ஜிப் ஃபைல்னா 7-ஜிப்ல டெஸ்ட் கொடுத்தாப் போதும். ஜேபெக் அப்படித் தெரியாது, பாதிப் படத்துக்குக் கீழ சாம்பல் நிறமாவோ கோடு கோடாவோ இருக்கான்னு திறந்துதான் பார்க்கணும். பழைய காப்பி இருக்கும்போதே இந்த வாரத்துக்குள்ள பார்த்துடுங்க.