டெல்டா களிமண்ணில் வாழைக்கு இரும்புச் சட்டகக் குளிர்பதனக் கிடங்கு: அஸ்திவாரமும் பேனலும் எப்படி அமைய வேண்டும்?

கேள்வி: உழவர் உற்பத்தியாளர் நிறுவன இயக்குநர், திருவிடைமருதூர் வட்டம்

அனைவருக்கும் வணக்கம். கொள்ளிடக் கரைப் படுகைகளில் விளையும் பூவன், மொந்தன், கற்பூரவல்லித் தார்களைச் சில நாட்கள் தாங்கவைத்து, விலை பார்த்து விற்பதற்காக 500 டன் கொள்ளளவில் ஒரு குளிர்பதனக் கிடங்கு கட்டுவதென்று எங்கள் நிறுவனம் தீர்மானித்திருக்கிறது. நாளொன்றுக்கு அதிகபட்சம் 20 டன் உள்ளே வரும். இடம் பழைய நஞ்சை. மேலே கனத்த களிமண், பக்கத்தில் பாசன வாய்க்கால், சாலை மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3 அடி பள்ளம்.

பிஇபி ஷெட் (பாகங்களைத் தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பூட்டும் இரும்புக் கட்டடம்) போடும் ஒரு நிறுவனம் விலைப்புள்ளி கொடுத்திருக்கிறது. இரும்பின் எடையைக் கொண்டே விலை சொல்லியிருக்கிறார்கள். தூண்களுக்குத் தனித்தனி அஸ்திவாரம், கிராவல் கொட்டி உயர்த்திய தரை, பஃப் பேனலே (இரு தகடுகளுக்கிடையே வெப்பத்தைத் தடுக்கும் நுரை அடைத்த பலகை) வெளிச்சுவரும் கூரையும் என்பது அவர்களுடைய திட்டம். மண் பரிசோதனை தேவையில்லை என்கிறார்கள், ஏனென்றால் இரும்புக் கட்டடம் எடை குறைந்ததாம். இந்த வாதத்தை ஏற்கலாமா? பேனலையே வெளிச்சுவராக வைப்பது எங்கள் பகுதிக்குப் பொருந்துமா? பிற்காலத்தில் இதே கட்டடத்தின் ஓர் அறையை மீனும் இறாலும் உறைநிலையில் வைக்க மாற்றிக்கொள்ள முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் எங்கள் உறுப்பினர்கள் அனைவருக்கும் உதவியாக இருக்கும்.

பதில்: கட்டமைப்புப் பொறியாளர், மன்னார்குடி

ஐயா, கட்டடம் எடை குறைந்தது என்பது உண்மைதான். ஆனால் மண் பரிசோதனை அவசியம் என்பதற்கு அதுவே முதல் காரணம். டெல்டாவில் இத்தகைய ஷெட்டின் தூண்கள் கீழே இறங்குவதைக் காட்டிலும் புயற்காற்றில் மேலே இழுபடுவதுதான் பெரிய அபாயம். தரையோ அதற்கு நேர்மாறாகக் கீழே இறங்கப் பார்க்கும். இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிடாத வரைபடத்தை ஏற்காதீர்கள்.

முதலில் காற்று. கட்டடங்கள் தாங்க வேண்டிய சுமைகளைச் சொல்லும் இந்தியத் தர நெறியான ஐ.எஸ். 875இன் மூன்றாம் பகுதியில் அடிப்படைக் காற்று வேகம் திருச்சிக்கு நொடிக்கு 47 மீட்டர், புதுச்சேரிக்கு 50 மீட்டர். உங்கள் இடத்துக்கு உரியதை அதன் வரைபடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில், கிழக்குக் கடற்கரையிலிருந்து 60 கிலோமீட்டருக்குள் அமையும் தொழிற்கட்டடங்களுக்கு அந்த வேகத்தை 1.15ஆல் பெருக்க வேண்டும் என்ற விதி சேர்ந்தது. திருவிடைமருதூர் அந்த எல்லைக்குள்தான் வருகிறது. காற்றழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 1.15 என்ற இந்தச் சிறிய எண் அழுத்தத்தை 32 சதவீதம் உயர்த்திவிடும். விலைப்புள்ளி தந்தவர்களிடம் இந்தக் காரணியைச் சேர்த்தார்களா என்று எழுத்தில் கேளுங்கள். சேர்க்காமல் விட்டால் இரும்பின் எடை குறையும், விலையும் மற்றவர்களைவிட மலிவாகத் தெரியும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகளை என்ன செய்தது என்பதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம்.

20 மீட்டர் அகலமும் 6 மீட்டர் சட்டக இடைவெளியும் உள்ள ஷெட்டில் ஒரு பக்கத்துத் தூணின் பங்குக்கு 60 சதுர மீட்டர் கூரை வரும். கூரையின் சொந்த எடையைக் கழித்த பிறகும் ஒரு தூணை 5, 6 டன் விசை மேலே இழுக்கக்கூடும். பெரிய கதவு ஒன்று புயலில் பிய்ந்து, காற்று உள்ளே புகுந்தால் இந்த விசை இன்னும் கூடும். சாதாரணத் தனி அஸ்திவாரம் தன் எடையைக் கொண்டுதான் இதைத் தடுக்க வேண்டும். நம் பகுதியில் ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் அஸ்திவாரத்துக்கு மேலேயே நிற்கும். அப்போது கனமீட்டருக்கு 2.5 டன் உள்ள கான்கிரீட் 1.5 டன்னாகத்தான் பயன்படும். புயல் வருவதும் அதே மாதங்களில்தான். ஆகவே மண் ஆய்வு இடம் கொடுத்தால் அண்டர்ரீம் பைல் (ஆழத் துளையிட்டு, அடி குமிழாக விரியும்படி வார்க்கும் கான்கிரீட் தூண்) போடுவதே நல்லது என்பது என் கருத்து. அடியில் உள்ள குமிழ் மேலிழுப்பையும் தாங்கும், களிமண் ஈரத்தில் உப்பி வறட்சியில் சுருங்கும் ஆழத்துக்குக் கீழேயும் போய் ஊன்றும். களிமண் மிகவும் இளகியதாகவோ நடுவில் நீரோடும் மணல் படுகையாகவோ இருந்தால் குமிழ் சரிந்துவிடும். அந்த நிலையில் துளை சரியாமல் காக்கும் பெண்டோனைட் களிச்சேற்றைக் கொண்டு துளையிட்டு வார்க்கும் நேர் பைல்தான் வழி. எது என்பதைத் துளைப் பரிசோதனை மட்டுமே சொல்லும்.

அடுத்தது தரை. லாரித் தட்டு மட்டத்துக்கு மேடை வேண்டும் என்பதாலும் வெள்ளத்துக்குப் பயந்தும் 1.2 மீட்டர் உயரம் கிராவல் கொட்டுவீர்கள். அந்த மேட்டின் எடை மட்டுமே சதுர மீட்டருக்கு 2 டன்னைத் தாண்டும். தேசியத் தோட்டக்கலை வாரியத்தின் நெறிப்படி ஒரு டன்னுக்கு 3.4 கனமீட்டர் என்று கொண்டால் 500 டன்னுக்கு 1,700 கனமீட்டர் அறை வேண்டும். 6 மீட்டர் உயரத்தில் அது 280 சதுர மீட்டர் தரை, அதாவது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1.8 டன் பழம். பழத்தைவிட நீங்கள் கொட்டும் மண்ணின் எடை அதிகம்! நனைந்த களிமண் இந்தச் சுமைக்கு மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் மெல்ல அமுங்கும். பைல் மேல் நிற்கும் தூண் அசையாமல் இருக்க, தரை மட்டும் இறங்கினால் சுவர்ப் பேனலுக்கும் தரைக்கும் இடையே வாய் பிளக்கும். வசதி இருந்தால் மேட்டை இப்போதே கொட்டி, கெட்டித்து, ஒரு மழைக்காலம் முழுவதும் அப்படியே விட்டுவிட்டு, பிறகு கட்டடம் தொடங்குங்கள். காத்திருக்க முடியாதென்றால் தரைத்தளத்தையும் பைல் மேல் தாங்கவைக்க வேண்டும். செலவு கணிசமாகக் கூடும்.

பதில்: குளிரூட்டல் பணியாளர், நாகப்பட்டினம்

பொறியாளர் சொன்ன அந்த வாய்ப்பிளவு எங்கள் தொழிலில் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். பேனலின் தடிமனைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் கிடங்கின் ஆயுளை முடிவு செய்வது பேனல்களின் இணைப்புகள்.

கணக்கைப் பாருங்கள். 20 டன் பழம் 32 டிகிரியில் வந்து ஒரு நாளில் 14 டிகிரிக்கு இறங்க ஏறக்குறைய 14 கிலோவாட், அதாவது 4 டன் குளிரூட்டல் திறன் வேண்டும் (இந்த ‘டன்’ எடையல்ல, குளிரூட்டும் திறனின் அலகு). அதையே 12 மணி நேரத்தில் முடிக்க விரும்பினால் 8 டன். 80 மில்லிமீட்டர் பஃப் பேனல் வழியாகச் சுவரிலும் கூரையிலும் நுழையும் வெப்பமோ, வெளியே 38 டிகிரி இருக்கும்போதுகூட 5 கிலோவாட்டுக்குள்தான். தடிமனை 100 மில்லிமீட்டராக்கினால் மிச்சமாவது ஒரு கிலோவாட் அளவு. பழம் சுவாசிக்கும் வெப்பம், கதவு திறப்பு, மின்விசிறி, ஆட்கள் எல்லாம் இவற்றுக்கு மேல். ஆக, வாழைக்கு கனமீட்டருக்கு 40 கிலோ அடர்த்தி உள்ள 80 மில்லிமீட்டர் பேனல் போதும். மிச்சமாகும் பணத்தை இணைப்புகளுக்கும் கதவுக்கும் செலவிடுங்கள்.

நம் கடலோரக் காற்றில் 32 டிகிரியும் 80 சதவீத ஈரப்பதமும் சாதாரணம். அந்தக் காற்று 28 டிகிரி உள்ள பரப்பைத் தொட்டாலே வியர்க்கும். இணைப்பு வழியே அது பேனலுக்குள் புகுந்தால் உள்ளே நீராகி, நுரையை நனைத்து, காப்புத் திறனை அழித்துவிடும். ஈரத்தடுப்புப் பூச்சும் சீலண்டும் எப்போதும் வெப்பமான பக்கத்தில், அதாவது வெளிப்பக்கத்தில் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். உட்பக்கம் மட்டும் சிலிகான் பூசிவிட்டு வேலை முடிந்தது என்பவர்களை அனுமதிக்காதீர்கள்.

இதனால்தான் பேனலையே வெளிச்சுவராக வைப்பதை நான் ஏற்கவில்லை. வெயிலும் சாய்மழையும் புயலும் நேரே இணைப்பைத் தாக்கும். இரும்புச் சட்டகத்தையும் அதன் மேல் கால்வால்யூம் (அலுமினிய, துத்தநாகக் கலவை பூசிய இரும்பு) தகட்டையும் வெளிக்கூடாக நிறுத்தி, அதற்குள் பேனல் அறையைத் தனிப் பெட்டியாக அமைப்பதே நம் பகுதிக்கு ஏற்றது. தூண்கள் வெப்பப் பக்கத்திலேயே நிற்பதால் காப்பைத் துளைத்துக்கொண்டு எந்த இரும்பும் உள்ளே போகாது. காற்றில் சட்டகம் ஆடினாலும் பேனலை இழுக்காது. கூரைத் தகட்டுக்கும் அறையின் மேற்பேனலுக்கும் இடையே உள்ள வெளி காற்றோட்டத்துடன் இருக்க வேண்டும். மூடிவிட்டால் பங்குனி, சித்திரையில் அங்கே கடும் வெப்பம் தேங்கும், மழைக்காலத்தில் ஈரம் தேங்கி பர்லின் (கூரைத் தகட்டைத் தாங்கும் இரும்புக் குறுக்குச் சட்டம்) துருப்பிடிக்கும். மேற்பேனலையும் குளிரூட்டும் யூனிட்டுகளையும் சட்டகத்திலிருந்து தொங்கவிடுவீர்கள் என்பதை வடிவமைப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பின்னால் பர்லினில் துளை போட்டுத் தொங்கவிடுவது ஆபத்து.

வாழையை 13 டிகிரிக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது, தோல் கறுத்துவிடும். எந்த இரகத்துக்கு எத்தனை டிகிரி, எத்தனை நாள் என்பதைத் திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் கேட்டுக்கொண்டு அறைகளைப் பிரியுங்கள். பழுக்கவைக்கும் அறை கட்டாயம் தனியாக வேண்டும், ஏனென்றால் அதில் பழுக்கவைக்கப் பயன்படும் எத்திலீன் வாயு கசிந்தால் சேமிப்பில் உள்ள காயும் பழுக்கத் தொடங்கும்.

உறைநிலை அறை வேறு வகை. மைனஸ் 18 டிகிரியில் தரைக்குக் கீழே உள்ள ஈரமண் உறைந்து உப்பித் தளத்தைத் தூக்கும். நிலத்தடி நீர் மேலே நிற்கும் நம் மண்ணில் இது உறுதியாக நடக்கும். தரைக்கு அடியில் காப்பும், அதற்கும் கீழே காற்றுக் குழாயோ சூடேற்றும் குழாயோ போட வேண்டும். வாழை அறையின் தளத்தைப் பிறகு அப்படி மாற்ற முடியாது. பக்கத்தில் ஒரு பகுதியைக் காலியாக விட்டு, அந்தப் பக்கத்துக் கடைசிச் சட்டகத்தை மட்டும் நீட்டிப்புக்கு ஏற்ப வடிவமைத்துக்கொள்வது போதும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. எங்கள் பணம் அளவானது. மானியம் கட்டுமானம் முடிந்த பின்புதான் கடன் கணக்கில் வந்து சேரும் என்பதால் தொடக்கச் செலவு முழுவதும் வங்கிக் கடனும் உறுப்பினர் பங்கும்தான். வெளிக்கூடு தனி, பேனல் அறை தனி என்றால் செலவு ஏறுகிறது. எங்கே குறைத்துக்கொள்ளலாம்?

பதில்: கிடங்கு மேலாளர், தஞ்சாவூர்

ஒரே நேரத்தில் 500 டன்னுக்கும் பேனல் அறை போட வேண்டியதில்லை என்பேன். பைலும் சட்டகமும் கூரையும் முழு அளவுக்கு எழுப்பிவிட்டு, உள்ளே இரண்டு அறைகளை மட்டும் முதலில் அமையுங்கள். மீதி இடம் தரம் பிரிக்கவும் சிப்பம் கட்டவும் பயன்படும். பெட்டிக்குள் பெட்டியாகக் கட்டுவதன் இலாபமே இதுதான். கதவில் மட்டும் குறைக்காதீர்கள். வேகமாகத் திறந்து மூடும் கதவும், ஏற்றுமிடத்தில் மூடிய முன்னறையும் இல்லையென்றால் ஒவ்வொரு லாரிக்கும் மின்கட்டணம் ஏறும். பேனலை வண்டி இடிக்காதபடி தரையோடு கான்கிரீட் தடுப்புக் கட்டை வையுங்கள். கஜாவுக்குப் பிறகு பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை என்பதால் ஜெனரேட்டரை வெள்ள மட்டத்துக்கு மேல் வைப்பதையும் இப்போதே வரைபடத்தில் சேர்த்துவிடுங்கள்.

பதில்: கட்டமைப்புப் பொறியாளர், மன்னார்குடி

மேலாளர் சொன்ன வழியை நானும் ஆதரிக்கிறேன். கட்டம் கட்டமாகக் கட்டும்போது, கடைசி அறைக்கான யூனிட் எடையையும் சேர்த்தே இப்போது சட்டகத்தைக் கணக்கிடச் சொல்லுங்கள். வேலை வரிசையில் ஒன்று முக்கியம்: மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 அன்று திறந்து வாய்க்காலில் தண்ணீர் வருவதற்குள் பைல் வேலையும் பைல் தலைகளை இணைக்கும் உத்திரமும் முடிந்திருக்க வேண்டும். மாசி, பங்குனியில் தொடங்கினால் பள்ளத்தில் நீர் இறைக்கும் செலவு பெரும்பாலும் மிச்சம். ஒப்பந்தத்தில் விலையை இரும்பின் எடைக்கு எழுதாமல், காற்று வேகம், 1.15 காரணி, தூணுக்கான மேலிழுப்பு விசை ஆகியவற்றைக் குறிப்பிட்ட வடிவமைப்புக் கணக்கோடு சேர்த்து முழு வேலைக்கு எழுதுங்கள். அந்தக் கணக்கை வேறொரு கட்டமைப்புப் பொறியாளரிடம் சரிபார்த்த பின்பே முன்பணம் கொடுங்கள்.